முட்டை கமுதிக்கு வந்த வழி

பழைய ரோமில் விருந்து முட்டையில் தொடங்கிப் பழத்தில் முடியும். அபிசியஸ் பெயரில் வழங்கும் ரோமானியச் சமையல் நூலில் வேகவைத்த முட்டைக்கு ஒரு கலவை சொல்லியிருக்கிறது: மிளகு, ஊறவைத்த பைன் பருப்பு, தேன், வினிகர், மீனைப் புளிக்கவைத்து இறக்கிய சாறு. மிளகு அவர்கள் மண்ணில் விளைவதில்லை. மேற்குக் கரையில் முசிறியில் கப்பலேறிப் போனது அது. யவனர் சரக்கு நம் கரைக்கும் வந்திருக்கிறது. வைகை கடலைத் தொடும் அழகன்குளத்தில் தமிழகத் தொல்லியல் துறை அகழ்ந்தபோது ரோமானிய நாணயங்களும், கப்பல் உருவம் கீறிய பானை ஓடும் கிடைத்தன. விருந்து முட்டைக்கு முதலில் காரம் கொடுத்தது இந்தப் பக்கத்துச் சரக்கு என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

முட்டைக்குள் மசாலாவை அடைக்கும் வேலை ஸ்பெயினின் தெற்கே, அந்தலூசியாவில் நடந்தது. 13ஆம் நூற்றாண்டு அரபுச் சமையல் ஏடு ஒன்று அதை விவரமாகச் சொல்கிறது. அவித்த முட்டையை இரண்டாக வெட்டி, மஞ்சள் கருவை எடுத்து, கொத்தமல்லி, வெங்காயச் சாறு, மிளகு, எண்ணெய் சேர்த்துப் பிசைந்து, திரும்ப வெள்ளைக்குள் வைத்து, இரு பாதியையும் ஒட்டி ஒரு சின்னக் குச்சியைச் செருகிவிட வேண்டும். இதைப் படித்தால் நம் வீட்டு அடுப்படியில் யாரோ செய்வது மாதிரியே இருக்கும். குறைவது மிளகாய் ஒன்றுதான். மிளகாய் அப்போது அமெரிக்கக் கண்டத்தைத் தாண்டவில்லை.

போர்ச்சுகீசியர் 1498இல் கோழிக்கோட்டுக்கு வந்தார்கள். அடுத்த நூற்றாண்டில் முத்துக்குளித்துறைக்கும் மண்டபத்தை ஒட்டிய வேதாளைக்கும் வந்துவிட்டார்கள். அவர்களோடு வந்த மிளகாயை நம் சமையல் சுணங்காமல் ஏற்றுக்கொண்டது. மிளகு இருந்த இடத்தில் மிளகாய் உட்கார்ந்தது.

முட்டை இன்னொரு பக்கம் அலைந்தது. அமெரிக்காவில் 1896இல் ஃபேனி ஃபார்மர் தன் சமையல் நூலில், மஞ்சள் கருவை மயோனைஸ் சேர்த்துப் பிசையலாம் என்று எழுதினார். இன்று அந்த நாட்டு விடுமுறை விருந்துத் தட்டுகளில் வரிசையாக நிற்கும் டெவில்ட் எக்ஸ் அந்த வழியில் வந்தவைதான். கொல்கத்தாக்காரர்கள் முட்டையைக் காரமான கொத்துக்கறியால் மூடி, ரொட்டித்தூளில் புரட்டி, எண்ணெயில் பொரித்து டெவில் என்றே விற்கிறார்கள்.

எங்கள் ராமநாதபுரம் மாவட்டத்துக் கமுதிக்கு முட்டை வருவது நாமக்கல்லிலிருந்து. கரூர், திண்டுக்கல், மதுரை, அருப்புக்கோட்டை என்று லாரியில் இறங்கி வருகிறது, முப்பது முட்டை கொண்ட அட்டைகளாக. எம்.ஜி.ஆர். 1982இல் தொடங்கிய சத்துணவில் 1989இல் முட்டை சேர்ந்தது. முதலில் இரண்டு வாரத்துக்கு ஒன்றுதான். ஆனாலும், வீட்டுக் கோழி இட்டால்தான் முட்டை என்றிருந்த கிராமத்துப் பிள்ளைக்குத் தட்டில் ஒரு முழு முட்டை விழுந்தது சின்ன விஷயம் இல்லை.

விருந்துக்கு வைக்கும் அடைத்த முட்டைக்கு நான் நாமக்கல் முட்டையைத்தான் எடுப்பேன். ருசிக்கு நாட்டுக்கோழி முட்டைதான், அதில் மறுபேச்சு கிடையாது. ஆனால் இன்று இட்ட முட்டையை அவித்தால் ஓடு வெள்ளையைப் பிய்த்துக்கொண்டு வரும். நாள் ஆக ஆக முட்டைக்குள் இருக்கும் கரியமில வாயு ஓட்டின் நுண்துளை வழியே வெளியேறி, வெள்ளைக் கருவின் காரத்தன்மை கூடும். அப்போது சவ்வு பிடியை விடும். லாரியிலும் கடையிலும் சில நாள் கழித்த முட்டை வழவழவென்று உரியும். முதல் நாள் இரவே முட்டைகளைப் படுக்கவைத்துவிட்டால் மஞ்சள் கரு நடுவுக்கு வந்து நிற்கும். கொதிக்கும் தண்ணீரில் இறக்கி, பத்து பதினோரு நிமிஷத்தில் எடுத்துப் பச்சைத் தண்ணீரில் போட வேண்டும். அதற்கு மேல் விட்டால் வெள்ளையிலிருக்கும் கந்தகமும் மஞ்சளிலிருக்கும் இரும்பும் சேர்ந்து, கருவைச் சுற்றி ஒரு பச்சை வளையம் கட்டிவிடும். சாப்பிட ஒன்றும் செய்யாது, விருந்துத் தட்டில் வைத்தால் கண்ணுக்கு உறுத்தும்.

இனி வத்தல். கமுதி, முதுகுளத்தூர், பரமக்குடிப் பக்கம் விளையும் குண்டு மிளகாய், ராமநாதபுரம் முண்டு மிளகாய் என்ற பெயரில் 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. நீள வத்தலைப் போல் இல்லாமல் உருண்டையாக, தோல் தடித்து இருக்கும். காதருகே வைத்து ஆட்டினால் விதை குலுங்கும். பெரும்பாலும் மானாவாரி வெள்ளாமை. புரட்டாசி, ஐப்பசியில் வானத்தை நம்பி விதைக்கிறார்கள். மழை தள்ளிப்போனால் விதை போச்சு, கூடிப்போனால் வேர் அழுகும். தை பிறந்தபின் பழம் எடுக்கத் தொடங்கினால் சித்திரை, வைகாசி வரை எடுப்பு நடக்கும். குனிந்து பழம் பறிப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அன்றிரவு அந்தக் கையால் கண்ணைத் தொட முடியாது, பிள்ளையைத் தூக்கவும் யோசிப்பார்கள். களத்தில் பரப்பிய பழத்தின் மேல் ஒரு கோடை மழை விழுந்தால் நிறம் போய்விடும், விலையும் விழுந்துவிடும். வெளுத்ததைச் சோடை என்று தனியே பொறுக்கிவிடுவார்கள். இத்தனையும் தாண்டித்தான் ஒரு வத்தல் மூட்டைக்குள் போகிறது.

அந்த வத்தலை முட்டையில் சேர்க்கத் தனிப் பக்குவம் உண்டு. ஆறு முட்டைக்கு ஐந்து வத்தல் போதும். காம்பைக் கிள்ளி, நல்லெண்ணெயில் நிறம் மாறாமல் வதக்கி, வெந்நீரில் ஊறவைத்து, இரண்டு பல் பூண்டு, கொட்டைப்பாக்களவு புளி, உப்பு வைத்து மைய அரைக்க வேண்டும். மிளகாயின் உறைப்பு தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும். மஞ்சள் கருவில் கொழுப்பு நிறைய. அதனால் விழுதைக் கருவோடு பிசைந்து ஒரு மணி நேரம் விட்டால் காரம் திட்டுத் திட்டாக நிற்காமல் சீராகப் பரவி, நாக்கில் பட்ட கொஞ்ச நேரம் கழித்து மெல்ல ஏறும். பாக்கெட் மிளகாய்த்தூளைத் தூவினால் இந்த ருசி வரவே வராது. நிறம் வரும், அவ்வளவுதான்.

இளக்கத்துக்கு மயோனைஸ் வேண்டாம். பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸுக்குத் தமிழக அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டு தடை போட்டது. சால்மோனெல்லா போன்ற கிருமிகள்தான் காரணம். தடை இருந்தாலும் இல்லாவிட்டாலும் நான் சேர்க்க மாட்டேன். அதன் வழவழப்பு வத்தலின் மணத்தை அமுக்கிவிடும். துணியில் கட்டி வடித்த கெட்டித் தயிர் இரண்டு கரண்டி போதும், புளிப்புக்குப் புளிப்பும் ஆச்சு. கடற்கரைப் பக்கம் சொந்தம் இருப்பவர்கள் வறுத்துப் பொடித்த மாசிக் கருவாட்டுத் தூளை ஒரு சிட்டிகை சேர்க்கலாம். ரோமர்கள் மீன்சாறு ஊற்றியதன் நியாயம் அப்போது புரியும். வெள்ளைக் கிண்ணங்களில் நிரப்பி, பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயமும் பொரித்த கறிவேப்பிலையும் வைத்தால் வெள்ளை, சிவப்பு, பச்சை மூன்றும் வந்துவிடும். கிறிஸ்துமஸுக்கு வேறு அலங்காரம் தேவையில்லை. இரண்டு மணி நேரத்துக்குமேல் வெளியே வைக்கக் கூடாது. எங்கள் பக்கம் அவ்வளவு நேரம் மிஞ்சுவதும் கிடையாது.

அரையாண்டு விடுமுறைக்குப் பிள்ளைகள் வீடு வரும் டிசம்பரில் காட்டில் மிளகாய்ச் செடி வளர்ந்துகொண்டிருக்கும். ஆகவே கிறிஸ்துமஸ் முட்டைக்குப் போடுவது போன கோடையின் வத்தல்தான். நிறம் சற்றுக் கருத்து, மணம் உள்ளடங்கியிருக்கும். வதக்கும்போது எண்ணெய் கொஞ்சம் கூட்டிக்கொள்ள வேண்டும். ஈஸ்டருக்குள் புது வத்தல் வந்துவிடும். அப்போது ஐந்தை நாலாகக் குறைத்துக்கொள்ளுங்கள். வாங்கும்போது தூளாகக் கேட்காமல் முழு வத்தலாக, கமுதிக் குண்டு என்று பேர் சொல்லிக் கேளுங்கள். ஒன்றை எடுத்துக் காதருகே குலுக்கிப் பார்த்தபின் காசைக் கொடுங்கள்.