ரோசாப்பூ துரை

மதுரை யானைக்கல்லில் நிற்கும் சிலையொன்றைக் கண்டும் காணாதவராய் நாம் கடந்து செல்கிறோம். பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப்பின் சிலை அது. உசிலம்பட்டிச் சீமை மக்களுக்கோ அவர் 'ரோசாப்பூ துரை'.

1887-இல் செங்கன்னூரில் சிரியன் கிறிஸ்தவக் குடும்பமொன்றில் பிறந்தார். எடின்பரோவில் தத்துவமும் இலண்டனில் சட்டமும் பயின்று, 1909-இல் தாயகம் திரும்பினார். பின்னர் மதுரையைத் தம் களமாகக் கொண்டார். செல்வம் சேர்க்கத் தடையேதும் இல்லை. ஆயினும் ஆலைத் தொழிலாளருக்கென 1918-இல் எழுந்த சங்கத்திற்குத் தோள்கொடுத்தார். ஒத்துழையாமை அழைப்பு வந்தபோது வருவாய் மிக்க வழக்கறிஞர் தொழிலையே துறந்து, அலகாபாத்தில் 'இண்டிபெண்டெண்ட்' இதழை நடத்திச் சிறை புகுந்தார்.

அவர் பெயரை நிலைநிறுத்தியது குற்றப் பரம்பரைச் சட்டத்தை எதிர்த்த போராட்டமே. பிரமலைக் கள்ளர் குலத்தில் பிறப்பதே அன்று குற்றமாயிற்று. கைரேகை பதிக்க வேண்டும். இரவில் காவல் நிலையத்தில் படுத்துறங்க வேண்டும். 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூர் மக்கள் இதற்குப் பணிய மறுத்தனர். துப்பாக்கிச் சூட்டில் மாயக்காள் என்னும் பெண் உட்பட 16 பேர் மாண்டனர். நாதியற்று நின்ற அம்மக்களின் வழக்கைத் தம் வழக்காக ஏற்றுக்கொண்டவர் ஜோசப்.

1924-இல் வைக்கத்தில் கோயிலைச் சுற்றியுள்ள சாலைகளில் நடக்கும் உரிமைக்காகச் சத்தியாகிரகம் தொடங்கிற்று. தீண்டாமை இந்துக்களின் பாவம், அதற்கு அவர்களே பரிகாரம் தேடட்டும், கிறிஸ்தவராகிய நீங்கள் விலகியிருங்கள் என்ற கருத்தில் காந்தியடிகள் அவருக்கு எழுதினார். பொதுச்சாலையில் நடப்பது குடிமக்கள் அனைவரின் உரிமை என்பது ஜோசப்பின் நிலை. அவர் தலைமையேற்றார், கைதானார்.

1937-இல் மத்திய சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1938 மார்ச்சில், ஐம்பதாம் வயதில், மதுரையிலேயே கண்மூடினார். சென்னை மாகாணத்தில் அக்கொடுஞ்சட்டம் 1947-இல்தான் நீங்கிற்று. அதைக் காண அவர் இல்லை.

நல்ல சமாரியர் உவமையை நாம் எத்தனை முறை மறையுரையில் விளக்கியிருப்போம்! அடிபட்டுக் கிடந்தவனின் குலத்தையும் சமயத்தையும் அந்த வழிப்போக்கர் விசாரிக்கவில்லை. ஜோசப்பும் விசாரிக்கவில்லை. ஆனால் காந்தியடிகளின் சொல்லிலும் நமக்கொரு பாடம் உண்டு: அவரவர் வீட்டுக் கறையை அவரவரே துடைக்க வேண்டும். நம் கல்லறைத் தோட்டங்கள் சிலவற்றில் சாதிச் சுவர் எழுப்பியவர்கள் அயலார் அல்லர், நாமே. அச்சுவரை இடிக்க வேறொரு துரை வரவேண்டுமென்று நாம் காத்திருக்கலாமா?