விரல்நுனித் துளி: சர்க்கரையின் எண் நோயாளியின் கைக்கு வந்த வரலாறு

1969ஆம் ஆண்டில் ரிச்சர்ட் பெர்ன்ஸ்டீன் என்ற அமெரிக்கப் பொறியாளர் ஆய்வுக்கூடக் கருவிகளுக்கான வணிக இதழ் ஒன்றில் ஒரு விளம்பரத்தைக் கண்டார். ஒரு துளி இரத்தத்தைக் கொண்டு ஒரு நிமிடத்தில் சர்க்கரையின் அளவைச் சொல்லும் கருவி அது. ஏறத்தாழ மூன்று பவுண்டு எடை, 650 டாலர் விலை. இரவில் ஆய்வுக்கூடம் மூடிய பிறகு மயக்கநிலையில் கொண்டுவரப்படுபவர் குடித்திருக்கிறாரா, நீரிழிவால் மயங்கியிருக்கிறாரா என்று அவசரப் பிரிவு மருத்துவர்கள் பிரித்தறிவதற்காக அது விற்கப்பட்டது. பெர்ன்ஸ்டீனுக்கு அப்போது வயது 35. 12ஆம் வயதிலிருந்து இன்சுலின் செலுத்திக்கொண்டு வாழ்ந்தவர். சிறுநீரகம் உட்பட உடலின் பல பகுதிகளில் சேதம் தொடங்கிவிட்டிருந்தது. கருவியை வாங்க முயன்றபோது மருத்துவர் அல்லாதவருக்குத் தர இயலாது என்று மறுக்கப்பட்டார். அவருடைய மனைவி மருத்துவர். கருவி மனைவியின் பெயரில் வாங்கப்பட்டது.

தன் இரத்தத்தைத் தானே அளந்துகொள்வது அன்று அனுமதி பெற வேண்டிய செயலாக இருந்தது என்பதை, கைப்பேசித் திரையில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எண் மாறுவதைப் பார்க்கும் இன்றைய இருபத்தைந்து வயது இளைஞர் நம்பத் தயங்கக்கூடும். ஆனால் இந்நோயின் வரலாறு நெடுகிலும் அளப்பவர் ஒருவராகவும் அளக்கப்படுபவர் இன்னொருவராகவுமே இருந்துவந்தனர்.

அளவுக்கு முன்னர் இருந்தது சுவை. சரக சங்கிதை சிறுநீரையும் உடலையும் நாடி எறும்பு வருவதைப் பிரமேக நோயின் முற்குறிகளுள் ஒன்றாகச் சொல்கிறது. அந்நூலில் இன்னொரு நுட்பமும் உண்டு. நோயாளியின் உடற்சுவையை மருத்துவர் நேரடிப் புலனறிவால் அன்றி, அனுமானத்தால் அறிய வேண்டும். ஈக்கள் மொய்த்தால் உடல் இனிப்புற்றது எனக் கொள்ளலாம் என்பது அதன் நெறி. பூச்சியையே அளவுகோலாக்கிய முறை என இதைக் கருதலாம். 1674இல் ஆங்கில மருத்துவர் தாமஸ் வில்லிஸ் நோயாளியின் சிறுநீர் வியப்பூட்டும் அளவுக்கு இனிப்பதாக எழுதினார். அங்கு அனுமானத்துக்கு இடமில்லை, நாக்கே கருவி. 1776இல் லிவர்பூலின் மேத்யூ டாப்சன் சிறுநீரைக் காய்ச்சி வற்றவைத்து, எஞ்சிய பொருள் சர்க்கரையை ஒத்திருப்பதைக் காட்டியதோடு, இரத்தத்தின் நீர்மப் பகுதியும் இனிப்பதைப் பதிவுசெய்தார். நோய் சிறுநீரில் தொடங்குவதன்று, இரத்தத்தில் இருப்பது என்ற சிந்தனைக்கு அதுவே வழிவிட்டது.

பெயர்களைக் கவனித்தால் வேறொரு வரலாறு புலப்படுகிறது. டயாபடீஸ் என்ற கிரேக்கச் சொல்லுக்குக் ‘கடந்து செல்வது’ என்பது பொருள். நீர் உடலில் தங்காமல் வழிந்தோடுவதைச் சுட்டியது. தமிழின் ‘நீரிழிவு’ அதே காட்சியைத்தான் சொல்கிறது. இங்கு இழிவு என்பது இறக்கம், கீழ்நோக்கி ஓடுதல். வடமொழியின் ‘மதுமேகம்’ மட்டுமே தேனை, அதாவது சுவையைப் பெயருக்குள் கொண்டுவந்தது. இன்று இந்தியாவின் பெரும்பாலான மொழிகளில் நோயின் வழக்குப் பெயர் ‘சுகர்’. பரல், மணல் என்ற பொருளிலிருந்து கற்கண்டைக் குறிக்கத் தொடங்கிய ‘சர்க்கரா’ என்ற வடசொல் பாரசீகம், அரபு, ஐரோப்பிய மொழிகள் வழியாக ஆங்கிலத்தை அடைந்து, பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு ஒரு நோயின் பெயராகப் புறப்பட்ட ஊருக்கே திரும்பியிருக்கிறது. ‘சர்க்கரை’யும் ‘சுகரும்’ ஒரு சொல்லின் இரு வடிவங்கள் என்பதை அறியாமலே, சர்க்கரையைக் கடையிலும் சுகரை ஆய்வுக்கூடத்திலும் வைத்து மக்கள் பிரித்துக்கொண்டனர்.

1908இல் ஸ்டான்லி பெனடிக்ட் உருவாக்கிய கரைசல் நாக்கின் வேலையைக் கண்ணுக்கு மாற்றியது. ஐந்து மில்லிலிட்டர் நீலக் கரைசலில் எட்டுத் துளி சிறுநீரை இட்டுக் காய்ச்ச வேண்டும். சர்க்கரை இல்லையெனில் நீலம் நீலமாகவே நிற்கும், இருந்தால் பச்சை, மஞ்சள், செம்மஞ்சள், செங்கல் நிறம் என்று ஏறும். 1921-22இல் டொரோண்டோவில் இன்சுலின் கிடைத்தபின் இச்சோதனை வீட்டு அடுப்படிக்கு வந்தது. பாஸ்டனில் எலியட் ஜாஸ்லின் தம் நோயாளிகளுக்கு இதைக் கற்பித்து, நோயாளியே தன் மருத்துவத்தில் பாதிப் பொறுப்பை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை வளர்த்தார். 1956இல் இந்தியானாவின் ஏம்ஸ் நிறுவனத்தில் ஹெலன் ஃப்ரீ, ஆல்ஃப்ரெட் ஃப்ரீ தம்பதியர் காய்ச்ச வேண்டாத, நனைத்தாலே நிறம் மாறும் பட்டையைச் சந்தைக்குக் கொண்டுவந்தனர்.

இவை அனைத்திலும் ஓர் அடிப்படைக் குறை இருந்தது. இரத்தத்தில் டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 180 மில்லிகிராமைத் தாண்டினால்தான் சிறுநீரகம் சர்க்கரையை வெளியே விடும். எனவே சிறுநீர் சொல்வது சில மணி நேரம் பழைய செய்தி; அதுவும் அளவு மிக உயர்ந்திருந்தால் மட்டுமே. சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்திருந்தாலும் கரைசல் நீலமாகவே நிற்கும். பெர்ன்ஸ்டீன் தலைமுறையினர் இந்த இருட்டில்தான் இன்சுலின் ஊசியை ஏந்தி நின்றனர்.

கருவி கைக்கு வந்ததும் அவர் ஒரு பொறியாளர் செய்வதையே செய்தார்: ஒரு நாளில் பலமுறை அளந்தார், உணவிலும் மருந்திலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி மீண்டும் அளந்தார். ஒரு நாளுக்குள்ளேயே தம் சர்க்கரை மலையும் மடுவுமாக ஏறி இறங்குவதைக் கண்டார். மருந்தைச் சிறு அளவுகளாகப் பிரித்து, மாவுச்சத்தைக் கடுமையாகக் குறைத்து, அந்த ஏற்ற இறக்கத்தைச் சமன்படுத்தினார். இதை எழுதி அனுப்பியபோது மருத்துவ இதழ்கள் ஏற்கவில்லை. நாற்பதைக் கடந்த வயதில் அவர் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1983இல் பட்டம் பெற்றார். கேட்கப்படுவதற்கு ஒரு பட்டம் தேவைப்பட்டது! அவருடைய கடுமையான உணவுமுறை குறித்து இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் வீட்டில் இரத்தச் சர்க்கரையை அளப்பது குறித்து அவர் சொன்னது தவறாகவில்லை. 1978இல் லண்டனிலிருந்தும் நாட்டிங்ஹாமிலிருந்தும் வந்த ஆய்வுகள், நோயாளிகள் வீட்டிலேயே அளந்து பயன்பெற முடியும் என்று காட்டின. 1983இல் தொடங்கி 1993இல் முடிவு வெளியான அமெரிக்க, கனடியப் பேராய்வு முதல் வகை நீரிழிவு கொண்ட 1441 பேரைத் தொடர்ந்தது. அவர்கள் 13 முதல் 39 வயது வரையிலானவர்கள். தீவிரக் கட்டுப்பாட்டில் இருந்தவர்களிடம் விழித்திரைச் சேதம் புதிதாகத் தோன்றும் வாய்ப்பு 76 விழுக்காடு குறைந்தது. இளம் பருவத்தில் அளந்து காத்த எண் பிற்காலத்தின் கண்ணைக் காத்தது என்பதற்கு அதைவிட வலுவான சான்று அதுவரை இருந்ததில்லை.

நோயாளியின் அளவீட்டு மரபு இது. நலமுடையோர் தம்மை அளந்துகொள்ளும் மரபு வேறு; அது இதைவிட மூத்ததும் ஆகும். வெனிஸ் குடியரசின் மருத்துவர் சாந்தோரியோ தராசில் தொங்கும் நாற்காலியில் அமர்ந்து, உண்டது, குடித்தது, கழித்தது அனைத்தையும் சுமார் முப்பது ஆண்டுகள் நிறுத்துப் பார்த்தவர். எட்டுப் பவுண்டு உட்கொண்டால் ஐந்து பவுண்டு கண்ணுக்குத் தெரியாத ஆவியாக வெளியேறுகிறது என்று 1614இல் வெளியான தம் நூலில் எழுதினார். ஆனால் அந்நூலில் நாள்வாரிப் பதிவேடு இல்லை, சூத்திரங்களே உள்ளன. ஓர் உடலை அளந்து பெற்றதை எல்லா உடல்களுக்கும் உரிய விதியாக எழுதும் பழக்கம் அங்கேயே தொடங்கிவிட்டது.

இவ்விரு மரபுகளும் கலக்கும் இடம் தொடர் குளுக்கோஸ் உணரி. 1999இல் அமெரிக்க ஒப்புதல் பெற்ற முதல் கருவி மருத்துவர் பின்னர் பார்ப்பதற்காகவே எண்களைச் சேமித்தது. அணிந்தவர் தம் எண்ணை அப்போதே பார்க்க இயலாது. 1969இன் மறுப்பு வேறு வடிவில் தொடர்ந்தது எனலாம். 2024 மார்ச்சில் மருத்துவர் சீட்டின்றி, இன்சுலின் எடுக்காத 18 வயது கடந்த எவரும் வாங்கத்தக்க உணரிக்கு அதே நாட்டில் ஒப்புதல் கிடைத்தது. நோய் இல்லாதவரும் அதில் அடக்கம்.

இந்தியாவில் இதற்குத் தனிக் காரணம் உண்டு. 2004இல் லான்செட் இதழில் புனேயின் மருத்துவர் யாக்னிக்கும் பிரிட்டனின் யுட்கினும் தம் உடல்களையே ஒப்பிட்டனர். இருவருக்கும் உடல் நிறைக் குறியெண் 22.3. யுட்கினின் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடு, யாக்னிக்கின் உடலில் 21.2. மெலிந்து தோன்றும் இந்திய உடல் உள்ளே கொழுப்பைச் சுமக்கிறது என்ற கருத்தை ஒரே நிழற்படத்தில் நிறுவிய கட்டுரை அது. கண்ணாடியும் எடைக்கருவியும் எச்சரிக்காதபோது இரத்தம்தான் எச்சரிக்க வேண்டும். 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வு, 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவும் 13.6 கோடிப் பேருக்கு அதன் முன்னிலையும் இருப்பதாக மதிப்பிட்டது. முப்பதுக்கு முன்பே வெறும் வயிற்றுச் சர்க்கரையையும் மூன்று மாதச் சராசரியையும் பார்த்துக்கொள்வதை இங்கு யாரும் வீண் ஆசை எனத் தள்ள முடியாது.

ஆயினும் ‘இயல்பு’ என்ற எல்லை இயற்கை வரைந்த கோடு அன்று. வெறும் வயிற்று அளவில் நோயின் எல்லையை அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் வல்லுநர் குழு 1997இல் 140இலிருந்து 126க்கு இறக்கியது. நோய்க்கு முந்தைய நிலையின் எல்லையை 2003இல் 110இலிருந்து 100க்கு இறக்கியது. உலகச் சுகாதார நிறுவனம் 110ஐ விடவில்லை. ஒரே காலையில் 104 என்று அளக்கப்பட்டவர் ஒரு குழுவின் கணக்கில் எல்லையைத் தாண்டியவர், மற்றொன்றின் கணக்கில் நலமுடையவர். இந்தக் கோடுகளாவது விழித்திரைச் சேதம், பிற்கால நோய் ஆகியவற்றைக் கணக்கிட்டு, விவாதித்து வரையப்பட்டவை. உணரியின் செயலி வரையும் ‘உகந்த’ பட்டைக்கு அத்தகைய பின்புலம் பெரும்பாலும் இல்லை. நீரிழிவு இல்லாத 153 பேருக்கு உணரி அணிவித்து 2019இல் வெளியான ஆய்வில், அவர்கள் நாளின் 96 விழுக்காட்டு நேரம் 70க்கும் 140க்கும் இடையில் இருந்தனர். ஆயினும் நாளொன்றுக்கு அரைமணி நேரம்போல 140ஐக் கடந்தே சென்றனர். அதற்கு முந்தைய ஆண்டு ஸ்டான்ஃபோர்டு ஆய்வில் மக்காச்சோள அவலும் பாலும் உண்டவர்களுள் பெரும்பாலோரின் எண் 140ஐத் தாண்டியது. நலமுள்ள உடலும் ஏறி இறங்கவே செய்கிறது.

கருவியின் இயல்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அது அளப்பது இரத்தத்தை அன்று, தோலுக்கு அடியில் செல்களைச் சூழ்ந்த நீர்மத்தை. இரத்தத்தில் நிகழ்ந்தது அங்குத் தெரியச் சில நிமிடங்கள் பிடிக்கும். உணரி பதித்த கைமேல் படுத்துறங்கினால், அழுத்தத்தால் எண் பொய்யாகத் தாழும். இன்சுலின் செலுத்துபவர் இதை அறிவார். ஐயம் எழுந்தால் விரலைக் குத்திச் சரிபார்ப்பார், ஏனெனில் தவறான எண் அவர் உயிரைத் தொடும். நலமுடைய இளைஞருக்கு அப்பதற்றம் இல்லை. ஆனால் இரவு மூன்று மணிக்கு 62 என்ற எண்ணைக் கண்டு எழுந்து அமரும்போது அவருக்குள் ஒரு நோயாளி பிறக்கிறார். சோறும் மாம்பழமும் வரைபடத்தின் கூம்புகளாக மாறுகின்றன. அவற்றைத் தட்டையாக்கினால் நோயற்ற ஒருவரின் ஆயுள் கூடும் என்பதற்கு, 1993இன் முடிவுகளுக்கு நிகரான நெடுங்கால ஆய்வு ஏதும் இதுவரை இல்லை.

பெர்ன்ஸ்டீன் 2025 ஏப்ரலில், 90ஆம் வயதில் மறைந்தார். அவர் அடைந்த ஆயுள், 1946இல் அந்நோயால் பீடிக்கப்பட்ட ஒரு சிறுவனுக்கு யாரும் கணித்திராதது. இரு வாரங்கள் மட்டுமே உழைக்கும் ஓர் உணரியை அவருடைய வழித்தோன்றல்களான முதல் வகை நோயாளிகளுள் இந்தியாவில் எத்தனையோ பேர் வாங்க இயலாமல், ஒரு நாளுக்கு இத்தனை பட்டை என்று எண்ணியே செலவிடுகிறார்கள். சீட்டின்றி வாங்கும் உரிமை வந்த அதே பத்தாண்டில், எண் தேவைப்படும் விரல்நுனி வேறாகவும் எண் கிடைக்கும் கை வேறாகவும் இருக்கின்றன.