சீனப் பீங்கானும் பஸ்ராவின் குயவர்களும்

நம் வீடுகளில் புழங்கும் 'பீங்கான்' என்ற சொல் பாரசீகத்திலிருந்து வந்தது. அரபியிலோ அதற்கு 'ஸீனீ' என்று பெயர். சீனத்துப் பொருள் என்று அர்த்தம். பாத்திரம் எங்கிருந்து வந்தது என்பதை அரபிகள் அதன் பெயரிலேயே வைத்துவிட்டார்கள்.

கலீஃபா ஹாரூன் அர்ரஷீதுக்கு குராஸான் ஆளுநர் அலீ இப்னு ஈஸா அனுப்பிய அன்பளிப்புகளில் சீன அரச பீங்கான்கள் 20 இருந்தன என வரலாற்றாசிரியர் பைஹகீ குறிப்பிடுகிறார். அரசவையே வியந்த அந்தப் பொருள், சில பத்தாண்டுகளில் கப்பல் கப்பலாக வந்து இறங்கியது. 1998இல் இந்தோனேசியாவின் பெலிதுங் தீவருகே கண்டறியப்பட்ட கப்பல் அதற்குச் சாட்சி. ஆணி அடிக்காமல், பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய மேற்காசியக் கப்பல் அது. உள்ளே சுமார் 60,000 சீனப் பாண்டங்கள். ஒரு கிண்ணத்தில் கி.பி. 826க்குரிய சீன ஆண்டு பொறிக்கப்பட்டிருந்தது.

இந்த வெண்மையைத் தாமும் கொண்டுவர பஸ்ராவின் குயவர்கள் விரும்பினார்கள். ஆனால் பீங்கானுக்குத் தேவையான வெள்ளைக் களிமண் இராக்கில் இல்லை. சுமார் 1,300 டிகிரி வெப்பம் தரும் சூளையும் இல்லை. கையில் இருந்தது மஞ்சள் பாய்ந்த சாதாரண மண்தான். அவர்கள் மண்ணை மாற்றவில்லை, பூச்சை மாற்றினார்கள். மெருகுப் பூச்சில் வெள்ளீய ஆக்சைடைக் கலந்தபோது அது ஒளி ஊடுருவாத வெண்மையாகி, அடியிலுள்ள மண்ணின் நிறத்தை முழுதும் மறைத்துவிட்டது. வடிவம் மட்டும் அப்படியே சீனக் கிண்ணம்!

இதை வெறும் நகல் என்று எழுதுவோர் உண்டு. அது பாதி உண்மையே. அந்த வெண்பரப்பின் மீது அவர்கள் கோபால்ட் நீலத்தால் இலைகளையும் அரபி எழுத்துக்களையும் தீட்டினார்கள். வெள்ளி, செம்புச் சேர்மங்களைப் பூசி, புகை சூழ்ந்த சூளையில் மறுபடி சுட்டு, உலோகம் போல மின்னச் செய்தார்கள். கண்ணாடியில் ஏற்கெனவே இருந்த நுட்பம்தான். மட்பாண்டத்துக்கு அதைக் கொண்டுவந்தவர்கள் இராக்கின் குயவர்கள். துனீசியாவின் கைரவான் பெரிய பள்ளிவாசலின் மிஹ்ராபைச் சுற்றி அத்தகைய ஓடுகள் நூற்றுக்கும் மேல் இன்றும் பதிந்திருக்கின்றன.

நீலம் யாருடையது என்பதில் மட்டும் அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்ல முடியாது. பெலிதுங் கப்பலிலேயே சீனாவில் செய்த வெள்ளை-நீலத் தட்டுகள் மூன்று கிடைத்துள்ளன. 14ஆம் நூற்றாண்டிலோ சீனாவின் ஜிங்தேஜென் சூளைகள் ஈரானிலிருந்து கோபால்ட்டை வரவழைத்தன. அங்கு உருவான பெரிய வெள்ளை-நீலத் தாம்பாளங்கள் முஸ்லிம் நாடுகளின் சந்தைகளுக்கே திரும்பி வந்தன. இஸ்தான்பூலின் தோப்காபி அரண்மனையில் அவற்றை இன்றும் காணலாம்.