புயல் வந்தால் தாம்பரம் தாங்குமா? காற்றை விட தண்ணிதான் பெரிய வில்லன்!

வங்கக்கடலில் காற்றழுத்த தாழ்வு என்று டி.வி.யில் சொன்னால் போதும். முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் ஜனங்களுக்கு தூக்கம் போய்விடும். வேளச்சேரிக்காரர்கள் 2024 அக்டோபரில் காரை எல்லாம் மேம்பாலத்தில் வரிசையாக கொண்டு போய் நிறுத்தினார்கள். சிலர் சிரித்தார்கள். 2023-ல் காரை பறிகொடுத்தவனுக்குத்தான் அந்த அருமை தெரியும்.

"கடல் இங்கிருந்து 15 கி.மீ. தள்ளி இருக்கு, நமக்கென்ன?" என்று தாம்பரத்தில் பலர் கேட்பது உண்டு. கடல் அலை தாம்பரத்துக்கு வராது, நிஜம்தான். ஆனால் புயல் கொண்டு வரும் மழை வரும். அது போக வழி இல்லாமல் இங்கேயே நிற்கும்.

கூண்டு நம்பருக்கு என்ன அர்த்தம்?

துறைமுகத்தில் "1-ம் எண் கூண்டு ஏற்றப்பட்டது" என்று செய்தி வருகிறது அல்லவா? 1-ம், 2-ம் எண் கூண்டு என்றால் தூரத்தில் எங்கோ புயல் சின்னம் இருக்கிறது. 3, 4 என்றால் துறைமுகத்துக்கே மோசமான வானிலை வரலாம். 5, 6, 7 அபாயம். 8, 9, 10 பெரிய அபாயம். 11-ம் எண் ஏறினால் வானிலை மையத்தோடு தகவல் தொடர்பே அறுந்து போச்சு என்று அர்த்தம். கூண்டு எல்லாம் கப்பல்காரர்களுக்கு. நாம் பார்க்க வேண்டியது மழை எச்சரிக்கை கலரை. ரெட் அலர்ட் என்றால் ஒரே நாளில் 20 செ.மீ.க்கு மேல் கொட்டலாம்.

காற்று மணிக்கு 62 கி.மீ. வேகத்தை தாண்டினால்தான் அதற்கு புயல் என்று பெயர் வைப்பார்கள். அதற்கு கீழே தாழ்வு மண்டலம். இதே சமாச்சாரத்தை அமெரிக்காவில் ஹரிகேன் என்றும், ஜப்பான், சீனா பக்கம் டைபூன் என்றும் சொல்கிறார்கள். 2005 ஆகஸ்டில் கத்ரீனா என்ற ஹரிகேன் நியூ ஆர்லியன்ஸ் நகரை அழித்தது. அங்கேயும் காற்றை விட, கரை உடைந்து ஊருக்குள் வந்த தண்ணீரில் செத்தவர்கள்தான் அதிகம்.

வர்தாவும் மிச்சாங்கும்

2016 டிசம்பர் 12-ந்தேதி வர்தா புயல் சென்னை அருகே நேராக கரையை கடந்தது. மணிக்கு 110 கி.மீ.க்கு மேல் காற்று. ஆயிரக்கணக்கான மரங்கள் வேரோடு சாய்ந்தன. வண்டலூர் உயிரியல் பூங்காவில் மரங்கள் விழுந்து பல வாரம் மூடி கிடந்தது. புறநகரில் நாள் கணக்கில் கரண்ட் இல்லை. அன்றைக்கு நடுவில் காற்று திடீரென அடங்கியது. "விட்டுடுச்சு" என்று பலர் வெளியே வந்தார்கள். அதுதான் புயலின் கண். கண் தாண்டியதும் எதிர் திசையில் இருந்து மறுபடி அடித்தது. முதல் காற்றில் ஆடிப்போன மரமும் ஷீட்டும் இரண்டாவது காற்றில்தான் விழும். எனவே காற்று நின்றாலும், கரையை கடந்துவிட்டது என்று அறிவிக்கும் வரை வெளியே தலை காட்டாதீர்கள்.

மிச்சாங் புயல் வேறு ரகம். 2023 டிசம்பர் 5-ந்தேதி அது கரையை கடந்தது ஆந்திராவில், பாபட்லா பக்கத்தில். ஆனால் அதற்கு முன்னால் 3, 4 தேதிகளில் சென்னைக்கு நேராக கடலிலேயே மெதுவாக ஊர்ந்தது. மழை விடவே இல்லை. விமான நிலைய ஓடுபாதையில் தண்ணீர் நின்றது. மின்சார ரெயில் நின்றது. முடிச்சூர், வரதராஜபுரத்தில் ஜனங்களை படகில் மீட்டார்கள். ஆகவே "ஆந்திராவுக்கு போயிடுச்சுப்பா" என்று நிம்மதி அடைவது தப்பு. புயல் எங்கே கரை ஏறுகிறது என்பதை விட, நம் எதிரில் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதுதான் முக்கியம்.

இன்னும் ஒன்று. 2015 டிசம்பர் 1-ந்தேதி தொடங்கி 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. கொட்டியது. அப்போது புயலே கிடையாது!

தண்ணி எங்கிருந்து வருது?

முடிச்சூரில் வெள்ளம் வந்தாலே செம்பரம்பாக்கம் ஏரியை திறந்துவிட்டார்கள் என்று வாட்ஸ்அப்பில் கிளப்பி விடுகிறார்கள். கொஞ்சம் யோசியுங்கள். செம்பரம்பாக்கம் உபரி நீர் அடையாற்றில் வந்து சேருவது திருநீர்மலை அருகே. முடிச்சூர், வரதராஜபுரம் அதற்கு மேற்புறத்தில் இருக்கின்றன. இங்கே வருவது ஆதனூர், மணிமங்கலம், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகளின் தண்ணீர். அதனால் முடிச்சூர்வாசிகள் செம்பரம்பாக்கம் மதகை விட, மேலே உள்ள ஏரிகள் கலங்கல் வழிகிறதா என்று விசாரிப்பதே புத்திசாலித்தனம். அனகாபுத்தூர், பம்மல் பக்கம் ஆற்றோரம் இருப்பவர்களுக்கு இரண்டு தண்ணீரும் சேர்ந்து வரும்.

கிழக்கு தாம்பரம் பக்கம் கதையே வேறு. சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம் ஏரி தண்ணீர் ஒன்றுக்கு பின் ஒன்றாக இறங்கி பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு போகும். அங்கிருந்து ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய், முட்டுக்காடு முகத்துவாரம், கடல். புயல் நேரத்தில் கடல் மட்டம் உயர்ந்து தண்ணீரை வாங்காது. சதுப்பு நிலத்திலும் வீடு, கம்பெனி, குப்பை மேடு. பிறகு வேளச்சேரியில் நாலு நாள் தண்ணீர் நிற்காமல் என்ன செய்யும்?

உயிரை எடுப்பது எது?

மிச்சாங் மழையில் கானத்தூரில் கட்டுமான சுவர் இடிந்து வடமாநில தொழிலாளர்கள் 2 பேர் பலியானார்கள். வேளச்சேரியில் கட்டிடத்துக்கு தோண்டிய பள்ளத்தில் சிக்கி 2 பேர் பலி. உடல்களை எடுக்கவே சில நாள் ஆனது. வேலைக்கு போன இடத்தில் போன உயிர்கள் இவை. ரெட் அலர்ட் அன்று பள்ளத்து ஓரத்திலோ, புது காம்பவுண்டு சுவர் பக்கத்திலோ தங்க சொன்னால் மேஸ்திரியிடம் முடியாது என்று சொல்லுங்கள். கூலி நாளைக்கு சம்பாதிக்கலாம்.

அடுத்து கரண்ட். தெருவில் தேங்கிய தண்ணீரில் ஈ.பி. பில்லர் பாக்ஸ் இருந்தால் அந்த வழியே போகாதீர்கள். அறுந்த ஒயரை கம்பால் தள்ளுவது வீரம் அல்ல. வீட்டுக்குள் தண்ணீர் ஏறும் முன்பே மெயினை ஆப் செய்யுங்கள், ஏறிய பிறகு தொடக்கூடாது. இன்வெர்ட்டரை மறந்துவிடுவார்கள், அதுவும் ஷாக் அடிக்கும். கியாஸ் சிலிண்டரில் ரெகுலேட்டரை மூடி கழற்றி வையுங்கள். சைலன்சருக்குள் தண்ணீர் போன பைக்கை உதைத்து உதைத்து ஸ்டார்ட் செய்தால் என்ஜின் போய்விடும். மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டே போங்கள்.

வெள்ளம் வடிந்த பிறகும் சம்ப் தண்ணீரை நம்பாதீர்கள். செப்டிக் டேங்க் கலந்திருக்கும். இறைத்து கழுவி குளோரின் போடும் வரை கொதிக்க வைத்த தண்ணீர்தான். காலில் புண் இருந்தால் வெள்ளத்தில் இறங்க வேண்டாம், எலிக்காய்ச்சல் வரும். துணி மூட்டையை தூக்கும் முன் உதறி பாருங்கள், பாம்பு இருக்கும்.

ரேஷன் கார்டு, ஆதார், பிள்ளைகள் சர்டிபிகேட் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் கவரில் போட்டு பரண் மேல் வையுங்கள். மிச்சாங் நிவாரணம் 6 ஆயிரம் ரூபாய் ரேஷன் கடை வழியாகத்தான் கொடுத்தார்கள். தண்ணீர் ஏறினால் மாவட்ட கட்டுப்பாட்டு அறைக்கு 1077, மாநில அறைக்கு 1070. போனில் சார்ஜ் இருக்கும்போதே கூப்பிடுங்கள். முதலில் போவது கரண்ட், அடுத்து டவர்.