கேட்காத வீணை, இரையும் வீணை

அபிராமி அந்தாதியின் எழுபதாவது பாடலில் அபிராமி திருக்கடையூரில் இல்லை. கடம்பவனத்துக்குப் போய்விடுகிறாள். அங்கே பட்டர் அவளை மாதங்கியாகக் காண்கிறார். குரல், வீணை, கை, மார்பு, பச்சை நிறம் என்று சொல்லிக்கொண்டே வந்து, மதங்கர் வீட்டுப் பெண்ணாக வந்தவள் இவள் என்று முடிக்கிறார். வகுப்பில் இதை நடத்தும்போது மாணவிகள் ‘மதங்கர்’ என்ற சொல்லை வேகமாகத் தாண்டிவிடுவார்கள். நான் அங்கே நிறுத்துவேன். மதங்கர் என்றால் பாணர். யாழை எடுத்துக்கொண்டு ஊர் ஊராக அலைந்தவர்கள், பிற்காலத்தில் ஊரின் ஓரத்துக்குத் தள்ளப்பட்டவர்கள். முதலாம் சரபோஜி காலத்துக் (1712–1728) கோயில் பட்டர் ஒருவர் தெய்வத்தின் கையில் வீணையைக் கொடுக்கும்போது அவளை அந்தக் குலத்துப் பெண்ணாகத்தான் நினைத்துப் பார்க்கிறார்.

இருநூறு ஆண்டு கழித்து அதே வீணை பெண் பார்க்கும் சடங்கில் சொஜ்ஜி, பஜ்ஜிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. நடுவில் என்ன நடந்தது என்பது பெண்களின் வரலாறு. அதில் ஒரு சின்ன இழையைத்தான் இங்கே பிடிக்கிறேன்: வீணையின் சத்தம். அது எவ்வளவு தூரம் கேட்க வேண்டும், எப்படிக் கேட்க வேண்டும் என்பதை யார் முடிவு செய்தார்கள் என்பது.

வீணை இயல்பாகவே சன்னமான வாத்தியம். பண்ருட்டிப் பலா மரத்தில் குடைந்து தஞ்சாவூரில் செய்கிறார்கள். 2013இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. இருபத்துநான்கு மெட்டு, வாசிப்புக்கு நான்கு தந்தி, தாளத்துக்கு மூன்று. குடம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அதன் நாதம் ஒரு கூடத்தைத் தாண்டாது. வீணை தனம்மாள் சென்னை ஜார்ஜ் டவுன் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் வாசித்தபோது, கேட்க வந்தவர்கள் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள் என்று அந்தக் காலத்தை எழுதியவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். சத்தம் சின்னது, அதனால் கேட்பவர்கள் அடங்கினார்கள். 1938இல் அவர் இறந்தார். தஞ்சாவூர் அரண்மனையோடு தொடர்புடைய தேவதாசி மரபு அவருடையது. அந்தப் பரம்பரையின் பேத்திகள்தான் பாலசரஸ்வதியும் பிருந்தாவும் முக்தாவும். மாயவரத்துப் பக்கத்து மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் அந்த முறையின் கொடுமையை உள்ளிருந்தே எழுதினார். 1947இல் பொட்டுக்கட்டுதலைத் தடை செய்யும் சட்டம் வந்தது. வர வேண்டிய சட்டம்தான். ஆனால் பொட்டோடு சேர்த்து மேடையையும் அந்தப் பெண்களிடமிருந்து இந்தச் சமூகம் கழற்றிக்கொண்டது. அதற்குச் சட்டம் எதுவும் தேவைப்படவில்லை.

எனக்கு வீணை கற்றுக்கொடுத்தவர் அப்படிப்பட்ட ஒரு வீட்டுப் பெண். 1990களின் தொடக்கம், திருக்கடையூர். நாங்கள் அவரை வீணை டீச்சர் என்றுதான் கூப்பிடுவோம். அண்ணன் தம்பிகள் நாகஸ்வரமும் தவிலும் வாசித்தார்கள். தெருவில், கோயிலில், கல்யாணத்தில் எங்கும் போகலாம். டீச்சர் மட்டும் வீட்டுக்குள் சொல்லிக்கொடுக்கலாம். “நம்ம வீட்டுப் பொம்பளை மேடை ஏறினா பழைய பேர்தான் வரும்” என்பது வீட்டு ஆண்களின் பேச்சு. வருடத்துக்கு ஒருமுறை, நவராத்திரியில், ஒரு மண்டபத்தில் அரை மணி நேரம் அனுமதி.

திருக்கடையூர் மண்டபங்களைத் தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். அறுபதாம் கல்யாணமும் எண்பதாம் கல்யாணமும் தினமும் நடக்கிற ஊர் இது. ஒரே காலையில் பல தம்பதிகள் மாலையும் கழுத்துமாக நிற்பார்கள். நாலு பக்கமும் நாகஸ்வரம், அதற்கும் மைக், அதற்கு மேல் புரோகிதருக்கு ஒரு மைக். இந்த ஊரில் வீணை வாசிப்பது சந்தையில் ரகசியம் சொல்வது மாதிரி.

டீச்சரிடம் ஒரு காண்டாக்ட் மைக் இருந்தது. ஒரு ரூபாய் நாணயம் அளவு தகடு, மெல்லிய வயர். குதிரைக்குப் பக்கத்தில் பலகை மேல் மெழுகு வைத்து ஒட்டிக்கொள்வார். காற்றில் வருகிற ஒலியை அது வாங்காது. மரத்தின் அதிர்வை வாங்கும். அதனால் பக்கத்து மண்டபத் தவில் உள்ளே நுழையாது. ஆனால் மரத்தில் என்ன பட்டாலும் பேசும்: நகம் பட்டால், விரல் மெட்டில் உரசினால், வளையல் தண்டியில் இடித்தால். ஆண்கள் வளையல் போடுவதில்லை. டீச்சர் அன்று மட்டும் வளையலைக் கழற்றி வைப்பார், அதற்கும் யாராவது முகம் சுளிப்பார்கள்.

இன்னொரு வகை காந்த பிக்கப், கிடாரில் இருப்பது போல. காந்தத்துக்கு மேலே இரும்பு சேர்ந்த தந்தி அதிர்ந்தால் மட்டுமே மின்சாரம் பிறக்கும். சாரணியும் பஞ்சமமும் எஃகு, அவை கணீரென்று வரும். மந்தரமும் அனுமந்தரமும் பழைய முறைப்படி பித்தளையோ வெண்கலமோ என்றால் காந்தத்துக்கு அவை இருப்பதே தெரியாது. எஃகு மேல் கம்பி சுற்றிய தந்தி போட்டுக்கொண்டால்தான் கீழ்ஸ்தாயி வெளியே வரும். கருவிக்கு ஏற்றபடி வீணை மாற வேண்டியிருந்தது. சிலருக்கு அது விடுதலை: பலம் கொண்டு மீட்ட வேண்டாம், ஒரு மீட்டில் கமகம் நீண்டு நிற்கும், விரல் நுனி கிழியாது. சிலருக்கு அது வீணையே அல்ல, கிடார். ஒரே பிக்கப்பைப் பற்றி இரண்டு பேச்சையும் ஒரே நாளில் கேட்டிருக்கிறேன். இரண்டும் உண்மை.

என்னை உறுத்தியது வேறு. ஆந்திராவிலிருந்து வந்த பன்னிரண்டு வயதுச் சிறுவன் யு. ஸ்ரீனிவாஸ் 1981இல் சென்னையில் மாண்டலின் வாசித்தார். மின்சார மாண்டலின், எட்டுத் தந்தியை ஐந்தாக்கிக் கர்நாடக இசைக்கு வளைத்துக்கொண்டார். சபாக்களில் முணுமுணுப்பு இருந்தது. பிறகு அது மேதைமை ஆனது. மேதைமைதான், சந்தேகமில்லை. பிரசன்னா மின்சார கிடாரில் கீர்த்தனை வாசித்தார், ராஜேஷ் வைத்யா வீணையை ஒலிபெருக்கியோடு பெரிய கூட்டத்துக்குக் கொண்டுபோனார். இவர்களுக்குப் புதுமை என்ற சொல் கிடைத்தது. எங்கள் டீச்சருக்கு மண்டபத்தில் கிடைத்தது இரண்டே வாக்கியம். மைக்கை இறக்கினால், “ஒண்ணுமே கேக்கலையேம்மா.” ஏற்றினால், “வீணைன்னா ஒரு நளினம் வேண்டாமா, இப்படியா இரையும்?” இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு குமிழ் இருந்தது. அதைத் திருப்புகிற கை மைக்செட் தம்பியுடையது. அவன் மண்டபக்காரர் முகத்தைப் பார்த்துத் திருப்புவான்.

‘நளினம்’ எங்கிருந்து வந்தது? சர் சி. வி. ராமன் 1921இல் நம் தந்தி வாத்தியங்களைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். வீணையின் குதிரை மேல் இருக்கும் பித்தளைத் தகடு சற்றே வளைந்தது. அதிரும் தந்தி அந்த வளைவில் தொட்டுத் தொட்டு விலகுகிறது. மீட்டும் இடத்தைப் பொறுத்து வரக்கூடாது என்று பழைய விதி சொல்லும் மேல் சுரங்களும் அதனால் எழுகின்றன என்று காட்டினார். தம்புராவில் குதிரைக்கு மேல் ஒரு நூலை வைத்து நகர்த்துவோமே, அதுவும் இதே வேலைதான். நாம் வீணையின் தூய நாதம் என்று சொல்வது தந்தி தகட்டில் உரசி உண்டாகும் ஓர் இரைச்சல். நன்றாகக் கட்டுப்படுத்தப்பட்ட இரைச்சல். ராமனின் மனைவி லோகசுந்தரி வீணை வாசிப்பவர். அவர் வாசித்ததைக் கேட்டுத்தான் ராமன் மணந்தார் என்று வாழ்க்கை வரலாறுகள் இனிப்பாகச் சொல்லும். அளந்தவருக்குக் கட்டுரை, வாசித்தவருக்குக் காதல் கதை.

மேற்கில் இரைச்சலுக்கு ஆண் பெயர்களே அதிகம். நாஷ்வில்லில் ஒரு பாட்டைப் பதிவு செய்யும்போது கலவைப் பலகையில் ஒரு பகுதி பழுதாகி, கிரேடி மார்ட்டின் வாசித்த தந்தி தகரம் போல் கரகரத்தது. அழிக்காமல் விட்டார்கள். பாட்டு வெற்றி பெற்றது. பழுதைப் பெட்டிக்குள் அடைத்து 1962இல் மேஸ்ட்ரோ என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. 1978இல் ஜப்பானின் பாஸ் நிறுவனம் டிஎஸ்-1 என்ற ஆரஞ்சு நிறப் பெட்டியைக் கொண்டுவந்தது, இன்றும் விற்கிறது. ஆனால் அதற்கு வெகு முன்பே, 1940களில், சிஸ்டர் ரோசெட்டா தார்ப் என்ற கறுப்பினப் பெண் தேவாலயப் பாடல்களை மின்சார கிடாரில் அதிர அதிர வாசித்துக்கொண்டிருந்தார். ராக் இசையின் பெருமைக்கூடம் அவர் பெயரைச் சேர்த்தது 2018இல். அவர் இறந்து நாற்பத்தைந்து ஆண்டுகள் கழித்து.

அந்த ஆரஞ்சுப் பெட்டி எங்கள் பக்கமும் வந்து சேர்ந்தது. என் மாணவி ஒருத்தியின் அண்ணன் மயிலாடுதுறையில் மெல்லிசைக் குழுவில் கிடார் வாசிப்பவர். பெட்டியை மலிவாக, பழசாக வாங்கியிருந்தார். குழுவில் அதைப் பற்றி ஒரு முடிவு இல்லை. “கொசு காதுல பூந்த மாதிரி இருக்கு” என்பார் அண்ணன். கீபோர்டுக்காரர், “அது இருந்தாத்தான் திருவிழா மைக்செட்ல உன் கிடார் வெளிய வரும்” என்பார். கர்ட் கோபேன் இதைத்தான் மிதித்தார் என்பது ஒருவர் கட்சி. ஜோ சாட்ரியானியின் கையில் இதே பெட்டி பாடுகிறதே, உன் கையில் ஏன் கத்துகிறது என்பது மற்றவர் கட்சி. பெட்டியில் மூன்றே குமிழ்: டோன், லெவல், டிஸ்டார்ஷன். வந்த அலையைப் பெரிதாக்கி, தலையையும் காலையும் வெட்டிவிடும். வெட்டின இடத்தில் புதிய மேல் சுரங்கள் முளைக்கும். சின்ன ஒலியும் பெரிய ஒலியும் ஏறக்குறைய ஒரே உயரத்துக்கு வந்துவிடும், ஒலி சீக்கிரம் சாகாது. டோனை வலப்பக்கம் திருப்பத் திருப்பக் கீழ்ச்சுரம் மெலிந்து கூர்மை ஏறும். கொசுவும் தேனும் ஒரு குமிழ் தூரம்.

அண்ணன் அதைப் பரணில் போட்டார். தங்கை எடுத்தாள். அவளும் வீணை டீச்சரிடம்தான் கற்றுக்கொள்கிறாள். டீச்சருக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. டீச்சரின் பழைய காண்டாக்ட் மைக்கை வாங்கிப்போய்ப் பெட்டியில் செருகி, அண்ணனின் ஆம்பிளிஃபயரில் போட்டிருக்கிறாள். வீட்டில் ஒரே ரகளை. அவளுக்கு வரன் பார்க்கிற நேரம் அது. வீணை தெரியும் என்பது பயோடேட்டாவில் இருந்தது. “அவங்க வர்றப்ப இதையா வாசிச்சுக் காட்டுவே?” என்று அம்மா கேட்டதற்கு, “இதைக் கேட்டுட்டுச் சரின்னா பரவாயில்லம்மா” என்றாளாம். என்னிடம் சொல்லிவிட்டுச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை, அவள் கேட்டது சரியான கேள்வி என்று பட்டது. தனம்மாள் வீட்டுக் கூடத்தில் கேட்பவர்கள் வீணைக்கு அடங்கினார்கள். பெண் பார்க்கும் கூடத்தில் வீணை அவர்களுக்கு அடங்குகிறது. இவளுக்கு அடங்காத ஒன்று தேவைப்பட்டது.

போன மார்கழியில் அவள் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு டீச்சர் வீட்டுக்குப் போனாள். துணைக்கு நானும் போனேன், ஆர்வம்தான். முதல் மீட்டிலேயே குடம் ஊளையிட்டது: ஸ்பீக்கர் ஒலி குடத்துக்குள் போய், மைக் வழியாகத் திரும்பி, மறுபடி ஸ்பீக்கருக்கு. திண்ணையில் இருந்த டீச்சரின் தம்பி எழுந்து போய்விட்டார். டீச்சர் ஸ்பீக்கரைச் சுவர் பக்கம் திருப்பச் சொன்னார். அவள் கல்யாணி வாசித்தாள். காந்தாரத்தில் இழுத்து நிறுத்தினால் சுரம் நாகஸ்வரம் மாதிரி நின்றது, வீணையில் நான் கேட்டிராத நீளம். பழக்கத்தில் சுண்டுவிரலால் தாளத் தந்தியைத் தட்டியதும் எல்லாம் குழம்பி, லாரி கியர் மாற்றுகிற சத்தம்.

டீச்சர் கண்ணை மூடிக் கேட்டார். பிறகு கீழே குனிந்து, இடது பக்கக் குமிழைக் கொஞ்சம் கொஞ்சமாக இடப்பக்கம் திருப்பினார். எந்தக் குமிழ் எதற்கு என்று கேட்கவே இல்லை.

“கமகம் நிக்குது. அது நல்லா இருக்கு. மந்தரம் செத்துப்போச்சு, அது நல்லால்ல. தாளத் தந்தியைத் தொடாதே. சாவும் பாவும் மட்டும் சேர்த்து அடிச்சுப் பாரு, சண்டை போடாது.”

சண்டை போடவில்லை. உலகம் முழுக்க ராக் கிடார்காரர்கள் இந்தப் பெட்டியை மிதித்துவிட்டு ஷட்ஜமும் பஞ்சமமும் மட்டுமே சேர்த்து அடிப்பது இதற்காகத்தான். மற்ற சுரங்கள் சேர்ந்தால் உருவாகும் உபரி ஒலிகள் ஒன்றோடொன்று முட்டும். டீச்சர் ராக் கேட்டவரில்லை. எந்தச் சுரம் எதோடு முட்டும் என்பது அவருக்கு அறுபது வருடமாகத் தெரியும்.

“உனக்குப் பிடிச்சிருக்கா டீச்சர்?” என்று கேட்டாள்.

“பிடிக்கல” என்றார். கொஞ்சம் பொறுத்து, “இன்னும் கொஞ்சம் ஏத்து, அந்த மண்டபம் வரைக்கும் கேக்குதான்னு பாப்போம்” என்று வாசல் பக்கம் நடந்தார்.