காற்றுக்கும் மகமை: திருச்செந்தூர் வட்டாரக் காற்றாலைகளும் ஊர்ப் பங்கும்

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூருக்குப் போகும் சாலையில், உப்பளங்களை ஒட்டி முள்ளக்காடு என்றொரு ஊர் இருக்கிறது. 1986 ஜனவரியில் தமிழ்நாடு மின்வாரியம் தன் முதல் காற்றாலைப் பண்ணையை அங்கேதான் நிறுவியது. இன்றைய கணக்கில் அவை மிகச் சிறிய இயந்திரங்கள். ஒவ்வொன்றும் 55 கிலோவாட். அப்போது தூத்துக்குடி தனி மாவட்டம்கூட ஆகவில்லை. அந்த ஆண்டு அக்டோபரில்தான் நெல்லையிலிருந்து பிரிந்தது. தமிழகக் காற்று மின்சாரத்தின் பிறந்த வீடு பழைய நெல்லைச் சீமையின் கடலோரம்தான். பின்னர் டென்மார்க் அரசின் உதவி நிறுவனமான டானிடாவின் துணையோடு கயத்தாறில் ஒரு மாதிரிப் பண்ணை வந்தது. அதன் பிறகு முப்பந்தல், காவல்கிணறு, பணகுடி, இராதாபுரம் என்று ஊர் ஊராகக் காற்றாடிகள் எழுந்தன. மாநிலத்தின் காற்றாலைத் திறன் இன்று 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது.

ஏறத்தாழ 40 ஆண்டுக் கால வரலாறு இது. ஒரு புதிய காற்றாலைத் திட்டம் அறிவிக்கப்படும்போதெல்லாம் ஊருக்கு வேலை வரும், சாலை வரும், நிலத்துக்கு விலை வரும் என்ற மூன்று வாக்குறுதிகளும் தவறாமல் வருகின்றன. மூன்றும் முழுப் பொய்யல்ல. ஆனால் மூன்றுமே இயந்திரம் சுழலத் தொடங்குவதற்கு முன் முடிந்துபோகிற பலன்கள். இயந்திரம் சுழலும் 20, 25 ஆண்டுகளில் ஒவ்வொரு யூனிட்டிலும் ஊருக்கு ஒரு பங்கு வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம். நன்கொடை என்றோ சமூகப் பொறுப்பு என்றோ பெயரிட்டு அதைக் கொடுக்கக் கூடாது. அளந்து, உரிமையாகக் கொடுக்க வேண்டும். இது வெளியிலிருந்து கொண்டுவர வேண்டிய கருத்தும் அல்ல. தாமிரபரணிப் பாசனமும் தென்தமிழக வணிகமும் இதே கணக்கில்தான் நடந்தன.

முதலில் காற்று. வைகாசி தொடங்கிப் புரட்டாசி வரை மேற்குத் தொடர்ச்சி மலையின் ஆரல்வாய்மொழிக் கணவாயும் செங்கோட்டைக் கணவாயும் புனல் போல வேலை செய்கின்றன. அரபிக்கடலிலிருந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று அந்த இடைவெளிகளில் நெருக்குண்டு வேகம் கூடி, கிழக்கே சமவெளியில் விரிகிறது. மலைக்கு அந்தப் பக்கம் மழை; இந்தப் பக்கம் வறண்ட காற்று. கடலோர மீனவர்கள் இந்த மேல்காற்றைக் கச்சான் என்பார்கள். திருச்செந்தூருக்கும் சாத்தான்குளத்துக்கும் இடையே கிடக்கும் செம்மணல் தேரிகளை மேடும் பள்ளமுமாக உருட்டி வைத்ததும் இந்தக் காற்றுதான். குதிரைமொழித் தேரியை ஒட்டிய ஊர்களில் மணல் பறந்து வந்து வயலையும் கிணற்றையும் மூடுவது பழங்கதை. பனையும் உடைமரமும் இல்லையென்றால் அந்த ஊர்கள் நிலைத்திருக்காது. தலைமுறை தலைமுறையாக இந்தக் காற்றின் கொடுமையைத் தாங்கியவர்கள் பனையேறிகளும் மானாவாரி விவசாயிகளும் ஆடு மேய்ப்பவர்களும். காற்று பணமானபோது அவர்கள் கணக்கில் இல்லை.

ஏன் இல்லை என்பதற்கான விடை வருமான வரிச் சட்டத்தில் இருக்கிறது. 1990-களில் காற்றாலை வாங்கும் நிறுவனம் இயந்திரத்தின் விலை முழுவதையும் முதல் ஆண்டிலேயே தேய்மானமாகக் கழித்துக்கொள்ளலாம். அந்த 100 சதவீதம் பின்னர் 80 ஆகி, இப்போது 40 ஆக நிற்கிறது. வரி கட்டுகிற அளவுக்கு லாபம் உள்ளவருக்குத்தான் இந்தச் சலுகை பயன்படும். கோவை, திருப்பூர், இராஜபாளையம் நூற்பாலைகள் அதைப் பயன்படுத்திக்கொண்டன. இராதாபுரத்தில் உற்பத்தியாகும் யூனிட் மின்வாரியக் கம்பி வழியே கோவை ஆலையின் கணக்கில் சேரும்; காற்று அதிகமுள்ள மாதங்களில் மிஞ்சுவதைச் சேமித்துவைத்துப் பிறகு எடுத்துக்கொள்ளவும் வழி இருந்தது. நூற்பாலைகளை நான் குறை சொல்ல வரவில்லை. மின்வெட்டுக் காலத்தில் லட்சக்கணக்கான தொழிலாளர்களின் பிழைப்பைக் காப்பாற்றியதில் அந்தக் காற்றாடிகளுக்குப் பங்குண்டு. ஆனால் மானாவாரி நிலத்தை வைத்திருந்தவருக்கு வரி விதிக்கத்தக்க வருமானமே கிடையாது. கொள்கையின் அமைப்பே அவரை உரிமையாளராக விடாமல் வெளியே நிறுத்திவிட்டது.

அவருக்குக் கிடைத்தது கிரயப் பணம். மேலைநாடுகளில் காற்றாலை நிலம் பெரும்பாலும் குத்தகைக்கு விடப்படுகிறது. ஆண்டுதோறும் நிலக்காரருக்கு வாடகை வரும், கோபுரத்தைச் சுற்றி விவசாயமும் நடக்கும். நம் பகுதியில் தரகர்கள் வழியே நிலம் மொத்தமாக விலைபேசப்பட்டுப் பத்திரம் பதிவாவதுதான் பரவலான வழக்கம். விளைச்சல் இல்லாத புஞ்சைக்கு எதிர்பாராத விலை கிடைத்தபோது விற்றவர்களைக் குறை சொல்வது நியாயமல்ல. மகளின் திருமணமோ மகனின் படிப்போ காத்திருக்கும் வீட்டில் 25 ஆண்டு வாடகைக் கணக்கை உட்கார்ந்து போடுவது எளிதல்ல. நிலமில்லாதவருக்கோ அந்தக் கிரயப் பணமும் இல்லை. அவர் இழந்தது மேய்ச்சல் பாதை, ஓடைப் புறம்போக்கு வழி, விறகு. இவற்றுக்குப் பத்திரம் கிடையாது. ஆகவே விலையும் கிடையாது.

வேலைவாய்ப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அடித்தளம் தோண்டி, கோபுரம் ஏற்றி, இறக்கை பூட்டும் மாதங்களில் ஆட்கள் தேவை. பிறகு ஒரு பண்ணைக்குச் சில தொழில்நுட்பர்களும் காவலாளிகளும் போதும். காற்றாலையின் சிறப்பே அதற்கு எரிபொருள் தேவையில்லை, ஆளும் குறைவாகவே தேவை என்பதுதான். அதை வேலைவாய்ப்புத் திட்டமாக விற்பது அதன் இயல்புக்கே முரணானது.

சமூகப் பொறுப்பு நிதியைக் கொஞ்சம் விரித்துப் பார்க்க வேண்டும். 2013 கம்பெனிச் சட்டத்தின் 135-ஆம் பிரிவின்படி, நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ஆகிய மூன்றில் ஏதேனும் ஒன்றை எட்டிய நிறுவனம் தன் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் செலவிட வேண்டும். செயல்படும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தரச் சட்டம் சொல்கிறது. ஆனால் இந்தக் கடமை நிறுவனத்தைப் பற்றியது. காற்றாடி நிற்கும் இடத்தைப் பற்றியது அல்ல. பத்துப் பதினைந்து இயந்திரங்களைத் தனி நிறுவனமாகப் பதிவுசெய்தால் அது வரம்புக்குக் கீழேயே நின்றுவிடலாம். எட்டினாலும், எந்த ஊரில் என்ன கட்டுவது என்று தீர்மானிப்பது இயக்குநர் குழு. வகுப்பறையோ குடிநீர்த் தொட்டியோ வந்தால் நல்லதுதான். வராவிட்டால் கேட்க ஊருக்கு இடமில்லை.

கயத்தாறுக்கு உதவிய டென்மார்க்கை இங்கே திரும்பிப் பார்ப்பது பயனுள்ளது. அங்கே 1980-களில் காற்றாலை வளர்ந்தது பெருநிறுவனங்களால் அல்ல. பால் பண்ணைக் கூட்டுறவுகளில் பழகிய விவசாயிகளும் ஊரார்களும் பங்கு போட்டு இயந்திரம் வாங்கினார்கள். 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் 1 லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் காற்றாலைப் பங்கு வைத்திருந்தன. கோபன்ஹேகன் துறைமுகத்துக்கு வெளியே கடலில் நிற்கும் மிடல்குருண்டன் பண்ணையில் 20 இயந்திரங்கள், 40 மெகாவாட். அதில் பாதி சுமார் 8,500 பேர் சேர்ந்த ஒரு கூட்டுறவுக்குச் சொந்தம். பெரிய நிறுவனங்கள் வந்த பிறகும் 2009-இல் ஒரு சட்டம் புதிய திட்டங்களின் பங்குகளில் 20 சதவீதத்தைச் சுற்றுவட்டார மக்களுக்கு விற்க முன்வர வேண்டும் என்றது; பின்னர் அதன் இடத்தில் அருகில் வசிப்போருக்கு ஆண்டுத் தொகை தரும் ஏற்பாடு வந்தது. டேனிஷ் இயந்திரம் கயத்தாறுக்கு வந்து சேர்ந்தது. அந்த இயந்திரத்தை டேனிஷ் ஊர்களில் நிறுத்திய கூட்டுறவு கப்பலேறவில்லை. பனைவெல்லக் கூட்டுறவுச் சங்கங்களை நடத்திப் பழகிய நம் கடலோர ஊர்களுக்கு அது புரியாத ஏற்பாடாக இருந்திருக்காது. யாரும் கேட்டுப் பார்க்கவில்லை.

தமிழ்நாட்டில் இதைச் செய்துகாட்டிய ஊராட்சி ஒன்று உண்டு. கோவை மாவட்டம் மேட்டுப்பாளையத்தை அடுத்த ஓடந்துறை ஊராட்சி, ஆர். சண்முகம் தலைவராக இருந்தபோது, 2006-இல் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றைச் சொந்தமாக வாங்கியது. விலை சுமார் 1.55 கோடி ரூபாய். ஊராட்சியின் சேமிப்பிலிருந்து 40 லட்சம். மீதி வங்கிக் கடன். தெருவிளக்குக்கும் குடிநீர் மோட்டாருக்கும் தேவையான மின்சாரம் போக மிச்சத்தை வாரியத்துக்கு விற்று, அந்த வருவாயில் கடனைக் கட்டியது. ஓடந்துறையைப் பாராட்டுவோர் கவனிக்காத ஒன்று உண்டு: அந்தக் காற்றாலை ஓடந்துறையில் இல்லை, உடுமலைப்பேட்டைப் பக்கம் இருக்கிறது. காற்று வீசும் இடமும் பலன் சேரும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பதற்கு, நூற்பாலைகளைப் போலவே, இந்த நல்ல முன்னுதாரணமும் ஒரு சாட்சி. ஆகவே ஊராட்சிகள் காற்றாலை வாங்குவது ஒரு வழியே தவிர, காற்றாடி நிற்கிற ஊரின் உரிமைக்கு அது பதிலாகாது.

அந்த உரிமையின் பெயரை நம் வழக்கிலேயே தேடினேன். பிரான்மலையில் உள்ள 13-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டில், வணிகக் குழுவினர் தங்கள் கையில் புரளும் சரக்குகளுக்குப் பொதிக்கு இவ்வளவு என்று அளவு குறித்துக் கோயிலுக்குக் கொடுக்க ஒப்புக்கொள்கிறார்கள். 19-ஆம் நூற்றாண்டில் சிவகாசி, விருதுநகர், அருப்புக்கோட்டை நாடார் வணிகர்கள் பேட்டைக்கு வரும் சரக்கின்மீது மகமை வசூலித்தார்கள். அந்தப் பொதுப் பணத்தில் கிணறும் பள்ளிக்கூடமும் எழுந்தன. தாமிரபரணி வயல்களில் களத்துமேட்டில் நெல் அளக்கும்போதே நீர்பாய்ச்சுகிறவருக்கும் ஊர்த் தொழிலாளருக்கும் மேரை என்ற பங்கு பிரித்து வைக்கப்பட்டது. மூன்றிலும் ஒரே இலக்கணம்: பங்கு லாபத்தில் அல்ல, அளவில்; பிரிப்பது ஆண்டு முடிவில் அல்ல, அளக்கும் இடத்திலேயே. கொடுப்பவரின் மனநிலைக்கு அங்கே வேலை இல்லை. இவற்றில் சாதியின் எல்லையும் மேல்கீழும் இருந்தன என்பதை மறைக்க வேண்டியதில்லை. மகமை ஒரு சமூகத்துக்குள் நின்றது. மேரை வாங்கியவர் களத்தில் சமமாக நிற்கவில்லை. எடுத்துக்கொள்ள வேண்டியது மகமை என்ற பெயரையும் அளவு என்ற முறையையும். விட்டுவிட வேண்டியது அந்த எல்லையை.

சட்டத்துக்கும் இது புதிதல்ல. 2008-இன் நீர்மின் கொள்கைப்படி, அணை அமைந்த மாநிலத்துக்கு 12 சதவீத இலவச மின்சாரமும், வட்டார வளர்ச்சி நிதிக்கென்று மேலும் 1 சதவீதமும் ஒதுக்கப்படுகின்றன. 2015-இல் திருத்தப்பட்ட சுரங்கச் சட்டம் மாவட்டக் கனிம அறக்கட்டளைகளை உருவாக்கி, உரிமத்தொகையோடு ஒரு பங்கை அங்கே கட்டவைத்தது. ஓடும் தண்ணீருக்கும் புதைந்த கல்லுக்கும் ஒத்துக்கொண்ட நியாயம் வீசும் காற்றுக்கு மட்டும் ஏன் இல்லை? ஜெர்மனியில் 2021 முதல் இரண்டரை கிலோமீட்டர் ஆரத்துக்குள் உள்ள ஊராட்சிகளுக்கு யூனிட்டுக்கு 0.2 சென்ட் வரை கொடுக்கலாம் என்று சட்டமே இடம் தருகிறது.

தொகை எவ்வளவு? 50 மெகாவாட் பண்ணை ஒன்று ஆண்டு முழுதும் தன் திறனில் சராசரியாக 30 சதவீதம் உற்பத்தி செய்வதாகக் கொண்டால், ஆண்டுக்கு 13 கோடியே 14 லட்சம் யூனிட். நீர்மின் கொள்கையின் அதே 1 சதவீதத்தை எடுத்து, யூனிட் விலையை 3 ரூபாய் என்று வைத்தால், மகமை யூனிட்டுக்கு 3 காசு. ஆண்டுக்கு 39 லட்சத்துக்கு மேல். இராதாபுரம் அல்லது சாத்தான்குளம் பக்கத்தில் நான்கைந்து ஊராட்சிகள் பகிர்ந்துகொண்டாலும், ஒவ்வொன்றும் ஆண்டுதோறும் ஒரு குளத்தைத் தூர்வாரிக் கரையைப் பலப்படுத்த நினைக்கலாம். காற்று குறைந்த ஆண்டில் மகமையும் குறையும். அது இரு தரப்புக்கும் நியாயம்.

விலை கூடும் என்பது முதன்மையான ஆட்சேபம். 2017-இல் காற்றாலை மின்சாரம் ஏலத்துக்கு வந்தபின், பிப்ரவரியில் 3.46 ரூபாயாக இருந்த விலை அதே ஆண்டு இறுதிக்குள் இரண்டரை ரூபாய்க்கும் கீழே இறங்கியது. போட்டியால் ஒரு ரூபாய் இறங்கிய சந்தை 3 காசைத் தாங்காது என்று சொல்ல முடியாது. ஏலம் கேட்கும் எல்லாருக்கும் ஒரே விதி என்றால் யாருக்கும் பாதகமில்லை. காற்றாலை நிலக்கரியைக் குறைக்கிறது, அதுவே ஊருக்கு நன்மை என்பது இன்னொரு வாதம். தூத்துக்குடி அனல்மின் நிலையத்தின் சாம்பலை அறிந்த வட்டாரம் அந்த நன்மையை மறுக்காது. ஆனால் தூய காற்றின் பலன் சென்னைக்கும் சேர்த்துக் கிடைக்கிறது. இறக்கையின் இரைச்சலும் நிழலும், மூடப்பட்ட வழித்தடமும் பணகுடிக்கு மட்டும். கூந்தன்குளம் போன்ற பறவை வாழிடங்களின் பக்கம் கோபுரம் நிறுத்துவதைத் தவிர்க்க வேண்டியது வேறு. அதை மகமையால் ஈடுசெய்ய இயலாது.

எனக்கு உண்மையிலேயே கவலை தருவது பணம் போய்ச்சேரும் இடம். ஊராட்சியின் பொதுக் கணக்கில் கொட்டினால் போதாது. தமிழ்நாட்டில் 2016 அக்டோபர் முதல் 2019 இறுதி வரை ஊரக உள்ளாட்சிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களே இல்லை. தூத்துக்குடி உள்ளிட்ட 27 மாவட்டங்களில் 2019-இல் தேர்வானவர்களின் காலம் 2025 ஜனவரியில் முடிந்து, மறுபடியும் தனி அலுவலர்கள் வந்தார்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவரை நம்பியே ஓடந்துறை ஓடியது. தலைவர் இல்லாத ஆண்டுகளுக்கும் ஓர் ஏற்பாடு வேண்டும். கிராம சபை மட்டுமே செலவைத் தீர்மானிக்கும் தனி வைப்பு நிதி, அதற்கு நிலமில்லாதோரும் பெண்களும் இடம்பெறும் குழு, யூனிட் கணக்கை ஊராட்சி அலுவலகச் சுவரில் மாதாமாதம் ஒட்டுவது ஆகியவை குறைந்தபட்சம் தேவை. கூடங்குளத்தில் 2012-இல் மாநில அரசு 500 கோடி ரூபாய் வளர்ச்சித் திட்டத்தை அறிவித்தது அணுமின் நிலையத்துக்கு எதிரான நீண்ட போராட்டத்துக்குப் பின்புதான். போராடினால்தான் தொகை வரும் என்ற பாடத்தை ஊர்கள் திரும்பத் திரும்பக் கற்க வேண்டாம்.

இப்போது அவசரம் என்று சொல்ல இரண்டு காரணங்கள் உண்டு. பழைய சிறு காற்றாடிகளை அகற்றி இரண்டு, மூன்று மெகாவாட் இயந்திரங்களை நிறுத்துவதற்கான கொள்கையை மாநில அரசு 2024-இல் வெளியிட்டது. கயத்தாறு தொடங்கிப் பணகுடி வரை பழைய இணைப்புகளுக்குப் புதிய ஒப்பந்தம் எழுத வேண்டியிருக்கும். இரண்டாவது கடல். 2024 ஜூனில் மத்திய அமைச்சரவை கடல் காற்றாலைகளுக்கு 7,453 கோடி ரூபாய் உதவித் திட்டத்தை ஏற்றது. அதில் 500 மெகாவாட் தமிழ்நாட்டுக் கடலுக்கு. மன்னார் வளைகுடாவில் பட்டா நிலமும் இல்லை, கிரயமும் இல்லை. அங்கே ஊர் என்பது வலை போடுகிற இடம். அதன் எல்லையைக் கச்சானும் கொண்டலும் சோழகமும் வாடையும் பருவத்துக்குப் பருவம் நகர்த்துகின்றன. கடல் காற்றின் மகமையை எந்த மீன்பிடித் துறைக்கு, எந்தக் கணக்கில் பிரிப்பது என்பதை வருவாய்த் துறை வரைபடம் சொல்லாது. மணப்பாட்டிலிருந்து புன்னைக்காயல் வரையுள்ள ஊர்க் கமிட்டிகள் சொல்லும். அவர்களைக் கேட்க, கடற்படுகைக் குத்தகையில் கையெழுத்து விழுவதற்கு முன்னுள்ள காலம்தான் இருக்கிறது.