உல்லாசக் கப்பல்களும் ஊழியர் முகங்களும்

போட்டோ பொய் சொல்லாது என்று கூறுவார் பலர். அது மெய்யேயாயினும், பொய் சொல்லாத சாட்சி தான் கண்டது அனைத்தையும் சொல்லிவிட்டதென்று நாம் கொள்ளுவதற்கில்லை. கேட்கவேண்டியதைக் கேட்டால்தான் சாட்சி வாய் திறக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்கச் செல்வர்கள் வைத்திருந்த உல்லாசப் பாய்க்கப்பல்களின் போட்டோப் படங்களை இவ்வாறு விசாரித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆங்கிலத்தில் ‘யாட்’ என்று வழங்கும் இக்கப்பல்கள் சரக்கு ஏற்றுவன அல்ல. மீன் பிடிப்பனவும் அல்ல. உடையவரின் பொழுதுபோக்குக்கும் பந்தயத்துக்குமென்றே கட்டப்பட்டவை. 1844-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், நியூயார்க் துறைமுகத்தில் நின்ற ‘கிம்கிராக்’ என்னும் கப்பலின் மேல்தட்டில் ஜான் காக்ஸ் ஸ்டீவன்ஸ் என்பவரும் அவர் நண்பர் எண்மரும் கூடி நியூயார்க் யாட் கிளப்பை நிறுவினர். ஏழாண்டுகளுக்குப் பின் ஸ்டீவன்ஸும் கூட்டாளிகளும், ஜார்ஜ் ஸ்டீயர்ஸ் வகுத்த அமைப்பின்படி ‘அமெரிக்கா’ என்னும் இரட்டைப் பாய்மரக் கப்பலைக் கட்டுவித்து இங்கிலாந்துக்கு அனுப்பினர். 1851 ஆகஸ்டு 22 அன்று வைட் தீவைச் சுற்றி நடந்த பந்தயத்தில் அது பிரிட்டிஷ் கப்பல்களை முந்தி ஒரு வெள்ளிக் கிண்ணத்தை வென்றது. கடலாட்சி தம் பிறப்புரிமை என்றிருந்த ஆங்கிலேயருக்கு அது பெரும் அதிர்ச்சி. அக்கிண்ணம் 1983-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியரிடம் தோற்கும்வரை, 132 ஆண்டுகள் அமெரிக்கரிடமே இருந்தது.

இவ்வெற்றியைக் காட்டும் படங்கள் பல உண்டு. அவையெல்லாம் ஓவியர் தீட்டியவை, அல்லது கல்லச்சில் அடித்தவை. ஓடுகின்ற கப்பலைப் பிடிக்கும் ஆற்றல் அன்றைய காமிராவுக்கு இல்லை. அதே 1851-ஆம் ஆண்டில்தான் பிரடெரிக் ஸ்காட் ஆர்ச்சர் என்னும் ஆங்கிலேயர் ஈரத்தகட்டு முறையை வெளியிட்டார். கண்ணாடித் தகட்டில் ஒருவகைப் பசையைப் பூசி, வெள்ளி உப்புக் கரைசலில் தோய்த்து, அந்த ஈரம் காய்வதற்குள் படமெடுத்து, காய்வதற்குள்ளேயே இருட்டறையில் கழுவியும் முடிக்கவேண்டும். பல நொடிகள் காமிராவின் கண் திறந்திருக்கவேண்டும். அலையில் ஆடும் படகிலிருந்து, காற்றில் பாயும் கப்பலை இம்முறையில் எடுப்பது எப்படி? நியூயார்க்கில் ஆந்தணி கம்பெனியார் 1859 முதல் சிறிய இரட்டைப் படங்களில் நொடிக்குள் காட்சியைப் பிடித்துக் காட்டியது உண்மையே. பெரிய தகடுகளில் அது எளிதாயில்லை. ஆகவே அக்காலத்துக் கப்பற் படங்களில் பெரும்பாலானவை நங்கூரமிட்டுப் பாய் சுருட்டி நிற்கும் கப்பல்களின் படங்களே.

‘அமெரிக்கா’வைப் போட்டோவில் பார்த்திருக்கிறோமே என்று நேயர்களில் சிலர் கேட்கலாம். அவை பின்னாளில் எடுத்தவை. அக்கப்பலின் வாழ்க்கை ஒரு நாவலுக்குப் போதும். உள்நாட்டுப் போரில் தென்னாட்டார் கைக்குப் போய், 1862-இல் புளோரிடா மாகாணத்து ஆறு ஒன்றில் அவர்களாலேயே மூழ்கடிக்கப்பட்டது. வடநாட்டார் அதை மேலெடுத்துப் போர்ப்பணியில் அமர்த்தினர். 1870-இல் தான் வென்ற கிண்ணத்தைக் காக்கும் பந்தயத்தில் ஓடி நான்காவதாக வந்தது. 1873-இல் பெஞ்சமின் பட்லர் என்னும் ஜெனரல் அதை விலைக்கு வாங்கினார். இத்தனைக்கும் இடையே பாய்மரங்களும் பலகைகளும் பலமுறை மாறின. படத்தின் கீழ் பழைய வெற்றியின் ஆண்டு அச்சிட்டிருந்தாலும், நம் கண்ணிற் படுவது பழுதுபார்த்த வேறோர் உடல். இறுதியில் 1942-இல் அதை மூடியிருந்த கொட்டகை பனிப்பாரத்தால் இடிந்து மேலே விழ, 1945-இல் அதை உடைத்துப் போட்டனர்.

போட்டோ இல்லாத காலத்தின் குறையைக் காட்ட இன்னொரு செய்தி கூறுவேன். 1866 டிசம்பர் 11 அன்று, கடுங்குளிர் காலத்தில், ‘ஹென்ரியெட்டா’, ‘பிளீட்விங்’, ‘வெஸ்டா’ என்னும் மூன்று கப்பல்கள் அட்லாண்டிக் மாக்கடலைக் கடக்கும் பந்தயத்தில் புறப்பட்டன. பந்தயப் பணம் 90,000 டாலர். உடையவர்களில் ஜேம்ஸ் கார்டன் பென்னட் என்னும் இளைஞர் ஒருவரே தம் கப்பலில் ஏறிச் சென்றார். ஏனையோர் கரையில் தங்கிவிட்டனர். நடுக்கடலில் ஒரு பேரலை ‘பிளீட்விங்’ கப்பலின் மேல்தட்டிலிருந்த மாலுமிகளில் அறுவரை வாரிக்கொண்டு போயிற்று. கிறிஸ்துமஸ் நாளன்று ‘ஹென்ரியெட்டா’ வென்றது. கரியர், ஐவ்ஸ் என்போரின் புகழ்பெற்ற கல்லச்சுக் கம்பெனி இப்பந்தயத்தை வண்ணப்படமாக அச்சிட்டது. அவர்கள் தேர்ந்துகொண்ட காட்சி, புறப்பாட்டு வேளையில் கிளப்பின் நீராவிக் கப்பலுக்கு விடைகூறும் காட்சி. வீட்டுச் சுவரில் தொங்கவிடுவதற்கு அதுவே ஏற்றது போலும்!

1871-இல் ரிச்சர்டு லீச் மேடாக்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர் உலர்தகட்டுக்கு வழி கண்டார். பத்தாண்டுகளுக்குள் தகடுகள் தொழிற்சாலையிலேயே தயாராகிப் பெட்டியில் விற்பனைக்கு வந்தன. ஈரமும் இருட்டறையும் கூடவே போகவேண்டிய தொல்லை ஒழிந்தது. நொடியில் சிறு பகுதி வெளிச்சமே போதுமென்றாயிற்று. அப்போதுதான் ஓடும் கப்பல் போட்டோவில் ஏறியது. பாஸ்டன் நகரத்து நத்தானியேல் ஸ்டெப்பின்ஸ், அவ்வூரிலேயே தொழில் நடத்திய ஹென்றி பீபாடி, நியூயார்க்கின் ஜான் ஜான்ஸ்டன் ஆகியோர் இத்துறையில் பேரெடுத்தவர்கள். ஸ்டெப்பின்ஸ் ஒருவரே 1880-களிலிருந்து 1922-இல் இறக்கும்வரை 20,000-க்கு மேற்பட்ட படங்களை எடுத்தவர். அவருடைய படங்களுடன், கப்பல் அமைப்பாளர் எட்வர்டு பர்ஜெஸ் எழுதிய விளக்கமும் சேர்ந்து 1887-இல் ஒரு பெரிய நூல் வெளிவந்தது. பீபாடியின் தொகுப்பு 1891-இல் வந்தது.

இவர்கள் வேலை செய்த விதத்தைச் சற்று எண்ணிப் பார்க்கவேண்டும். பாரமான மரக் காமிராவையும் கண்ணாடித் தகடுகளையும் நீராவிப் படகொன்றில் ஏற்றிக்கொண்டு, பந்தயக் கப்பலின் வழிக்குக் குறுக்கே போகாமல், அதே சமயம் அது தம்மை நோக்கிச் சாய்ந்துவரும் கணத்தைத் தவறவிடாமல் காத்திருக்கவேண்டும். எடுப்பவர் தளமும் ஆடுகிறது, எடுக்கப்படும் கப்பலும் ஓடுகிறது. இப்படங்கள் ஒவ்வொன்றிலும் நாம் காணாத ஒரு படகு உண்டு. அதன் புகைபோக்கியும் கரித்தூளும் படத்துக்கு வெளியே நின்றுவிட்டன. வானமும் மெய்யான வானமன்று. அக்காலத் தகடு நீல ஒளியை மட்டுமீறிப் பற்றிக்கொள்ளுமாதலால் வானம் வெறும் வெளுப்பாகவே விழும். அது நன்றாயில்லை என்று வேறொரு தகட்டிலிருந்து மேகத்தை எடுத்துச் சேர்த்து அச்சிடுவதும் அன்றைய தொழிலில் வழக்கந்தான்.

இனி, படத்தினுள் நுழைவோம். ‘பியூரிட்டன்’ (1885), ‘மேபிளவர்’ (1886), ‘வாலண்டியர்’ (1887) ஆகிய மூன்றும் பர்ஜெஸ் அமைத்தவை. மூன்று ஆண்டுகளிலும் பிரிட்டிஷ் போட்டிக் கப்பல்களைத் தோற்கடித்தவை. பின்னர் வந்த ‘விஜிலன்ட்’ (1893), ‘டிபெண்டர்’ (1895), ‘கொலம்பியா’ (1899) மூன்றும் ரோட் ஐலண்டு மாகாணத்துப் பிரிஸ்டல் ஊரில் நத்தானியேல் ஹெரஷாப் கட்டியவை. ‘கொலம்பியா’வின் பாய்ப்பரப்பு 13,000 சதுர அடிக்கு மேல். படத்தைக் கண்டவுடன் நம் பார்வை அந்த வெண்மலையிலேயே நிலைத்துவிடுகிறது. எடுத்தவரின் விருப்பமும் அதுவே. காசு கொடுத்து வாங்கிய உடையவரின் விருப்பமும் அதுவே.

கீழே, சாய்ந்த மேல்தட்டின் காற்றுப் பக்க விளிம்பைப் பாருங்கள். வெள்ளுடை அணிந்த மனிதர் வரிசையாகக் குப்புறப் படுத்திருக்கிறார்கள். அவர்கள் இளைப்பாறுகிறார்கள் என்று எண்ணிவிடவேண்டாம். கப்பல் ஒருபுறம் சாயும்போது மறுபுறத்தில் பாரம் வேண்டும். எழுந்து நின்றால் உடல் காற்றைத் தடுக்கும். ஆகவே கட்டளை பிறக்கும்வரை, மனிதப் பாரமாகப் படுத்துக் கிடக்கவேண்டும். கட்டளை பிறந்ததும் ஓடிப்போய்க் கயிறிழுத்து, மீண்டும் மறுபக்கம் வந்து படுக்கவேண்டும். ‘விஜிலன்ட்’ கப்பலில் ஏறத்தாழ 70 பேர் இவ்வாறு ஏற்றப்பட்டிருந்தனர். படங்களின் கீழுள்ள குறிப்பிலோ கப்பலின் பெயர் உண்டு, உடையவர் பெயர் உண்டு, அமைத்தவர் பெயர் உண்டு. சில சமயம் தலைவரான சுக்கான்காரர் பெயரும் உண்டு. படுத்துக்கிடப்பவர் ‘கப்பலாட்கள்’ என்ற ஒரே சொல்லில் அடங்கிவிடுகிறார்கள். நாள்தோறும் செக்ரோலில் பெயர் பெயராக எழுதிக் கைபழகிய என்போன்ற தோட்டத்துக் கிராணிக்கு, அந்த ஒற்றைச் சொல்லைத் தாண்டிச் செல்ல மனம் வருவதில்லை.

விலக்கு ஒன்று உண்டு. அதுவரை இக்கப்பல்களில் கூலிக்கு வேலை செய்தவர் பெரும்பாலும் ஸ்காண்டிநேவிய நாட்டு மாலுமிகள். 1895-இல் ‘டிபெண்டர்’ கப்பலை நடத்திய ஆலிவர் ஐஸ்லின், ஆட்களும் அமெரிக்கராகவே இருக்கவேண்டுமென்று கருதி, மெயின் மாகாணத்து டியர் தீவின் மீனவர்களைத் திரட்டினார். அவர்கள் சிறு வயது முதல் கடலிற் பிழைத்தவர்கள்.  அவர்களையே 1899-இல் ‘கொலம்பியா’வுக்கும் அழைத்தார்கள்.

அந்த ‘டிபெண்டர்’ என்னவாயிற்று? எடை குறையவேண்டுமென்று மேற்பகுதியை அலுமினியத்தாலும், கீழ்ப்பகுதியை வெண்கலத்தாலும், சட்டங்களை எஃகாலும் செய்தனர். உப்பு நீரில் இவ்வுலோகங்கள் ஒன்றையொன்று அரிக்கும். கிண்ணத்தைக் காத்த கப்பல் 1901-இல் உடைக்கப்பட்டது. ஆறே ஆண்டு வாழ்வு! கண்ணாடியில் விழுந்த அதன் நிழலோ இன்னும் இருக்கிறது. எல்லாத் தகடுகளுக்கும் அந்தப் பேறு கிட்டவில்லை. ஸ்டெப்பின்ஸ் இறந்தபின் அவருடைய தகடுகளில் பெரும்பகுதி அழிந்தது. வில்லியம் சம்னர் ஆப்பிள்டன் என்பவர் 1910-இல் தோற்றுவித்த பழம்பொருட் பாதுகாப்புச் சங்கத்தார் தலையிட்டதால் சில ஆயிரம் மிஞ்சின. ஜான்ஸ்டன், பீபாடி ஆகியோரின் தகடுகளில் பலவற்றை வாங்கி அச்சிட்டு விற்ற டெட்ராய்ட் கம்பெனியும் நொடித்துப்போயிற்று. அதன் இருப்பு கைமாறி, 1949-இல் வாஷிங்டன் நகரிலுள்ள காங்கிரஸ் நூலகத்தை அடைந்தது.

1899-ஆம் ஆண்டுப் பந்தயத்தின் படங்கள் அந்நூலகத்தில் உள்ளன. மார்க்கோனி தம் கம்பியில்லாத் தந்தியால் செய்தி அனுப்பிக் காட்டியது அப்பந்தயத்திலேதான். எடிசன் கம்பெனியார் அதைச் சலனப்படமும் எடுத்தனர். ‘கொலம்பியா’வுடன் போட்டியிட்ட கப்பலின் பெயர் ‘ஷாம்ராக்’. அதன் உடையவர் தாமஸ் லிப்டன். இந்தப் பெயரை நம்மவருக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கிளாஸ்கோ நகரில் மளிகைக் கடை வைத்துச் செல்வரான இவர், 1890-இல் இலங்கைக்குச் சென்று அப்புத்தளைக்கு அருகே தம்பதன்னை முதலிய தேயிலைத் தோட்டங்களை வாங்கினார். அங்கே கொழுந்து கிள்ளியவர் தமிழ்நாட்டிலிருந்து சென்ற நம் மக்கள். லிப்டனின் பணம் முழுவதும் தேயிலையில் வந்ததென்று கூறுவது நியாயமாகாது. கடைகளின் வருவாயும் மிகுதி. எனினும் அந்த வெண்பாயின் நூலில் ஒரு பங்கு மலைநாட்டு லயங்களிலிருந்து வந்தது என்பதை மறுப்பார் யார்? ஐந்து முறை கிண்ணத்துக்குப் போட்டியிட்டு ஐந்து முறையும் தோற்ற லிப்டனை, சிரித்த முகத்தோடு தோல்வியை ஏற்ற பெருந்தகை என்று உலகம் பாராட்டியது. தோற்றுச் சிரிப்பதற்கும் கையிருப்பு வேண்டும்.

இதுவரை கூறியது கூலிக்கு உழைத்தவரைப் பற்றி. விலங்கிட்ட மனிதரைச் சுமந்த உல்லாசக் கப்பலும் ஒன்று உண்டு. ‘வாண்டரர்’ என்னும் அக்கப்பல் 1857-இல், லூயிசியானா மாகாணத்துக் கரும்புத் தோட்ட முதலாளி ஒருவருக்காக லாங் ஐலண்டில் கட்டப்பட்டது. அழகும் வேகமும் ஒருங்கே வாய்ந்தது. அடுத்த ஆண்டு அதை வில்லியம் காரி என்பவர் பெயரில் வாங்கினர். பின்னின்று நடத்தியவர் ஜார்ஜியா மாகாணத்துச் சார்லஸ் லமார். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளைக் கொண்டுவருவது 1808 முதலே அமெரிக்கச் சட்டப்படி குற்றம். பெருந் தண்ணீர்த் தொட்டிகளைப் பொருத்துவது கண்டு அதிகாரிகள் ஐயுற்று நிறுத்தினர், பிறகு விட்டுவிட்டனர். நியூயார்க் யாட் கிளப்பின் கொடி பறக்கும் கப்பலில் அடிமை வாணிகம் நடக்குமென்று யார் நினைப்பார்? காங்கோ ஆற்று முகத்தில், அடிமைக் கப்பல்களைப் பிடிக்கவென்றே நின்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலின் அதிகாரிகளுக்குக் காரி தம் கப்பலில் விருந்து வைத்தார். அவர்கள் உண்டு மகிழ்ந்து சென்றபின் ஏறத்தாழ 490 பேரை அடித்தட்டில் அடைத்தார்கள். 1858 நவம்பர் 28 அன்று ஜார்ஜியாவின் ஜெக்கில் தீவில் கரையிறங்கியவர் ஏறத்தாழ 400 பேர். மற்றவர் கடலுக்குப் போனார்கள். கிளப்பார் காரியின் பெயரை நீக்கினர். நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. அடிமை வாணிகக் குற்றத்துக்காக ஒருவரும் தண்டனை பெறவில்லை. கப்பல் பின்னர்ப் போரில் வடநாட்டார் பக்கம் பணிசெய்து, 1871-இல் கியூபாக் கரையருகே அழிந்தது.

அந்த அடித்தட்டை எவரும் படமெடுக்கவில்லை. ஆனால் ஐம்பது ஆண்டு கழித்து, 1908-இல், சார்லஸ் மாண்ட்கோமரி என்னும் ஆராய்ச்சியாளர் அமெரிக்க மானிடவியல் சஞ்சிகையில் ஒரு கட்டுரை வெளியிட்டார். ‘வாண்டரர்’ கப்பலில் வந்தவர்களுள் அன்றும் உயிரோடிருந்த சிலரைத் தேடிக் கண்டு, அவர்கள் போட்டோவையும் அதில் சேர்த்திருந்தார். நரைத்த முதியவர்கள், நேரே நம்மைப் பார்க்கிறார்கள். இங்கே ஆட்கள் என்ற ஒற்றைச் சொல் இல்லை. ஒவ்வொருவருக்கும் எசமானர் நாட்டில் வழங்கிய பெயரும், தாய்நாட்டுப் பெயரும் தரப்பட்டிருக்கின்றன. வார்ட் லீ என்று அழைக்கப்பட்டவரின் சொந்தப் பெயர் சிலுகாங்கி. ஆப்பிரிக்காவிலுள்ள தம் ஊருக்குத் திரும்பிப் போகப் பொருளுதவி வேண்டி 1904-இல் அவர் ஒரு விண்ணப்பத்தை அச்சிட்டு வெளியிட்டிருந்தார். படம் வெளிவந்தபோது அவர் தென் கரோலினாவிலேயே இருந்தார்.